ஆறு வருடம் கழித்து மீண்டும் டெஸ்டிங் வேலைக்கு: 16 வாரத் திட்டம்

சுமார் ஆறு வருடத்துக்கு முன் மென்பொருள் டெஸ்டிங் (பிழை தேடிச் சோதிக்கும்) வேலையை விட்டவர். ஜாவா நிரல்மொழியும் செலினியமும் (உலாவியைத் தானாக இயக்கிச் சோதிக்கும் கருவி) தெரியும், மூன்று நான்கு வருட அனுபவம் உண்டு. குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் சென்னையிலோ கோவையிலோ மறுபடி டெஸ்டிங் வேலை தேடுகிறார். இந்தக் குறிப்பு அவருக்கு. கடைசிப் பகுதி மட்டும் அவரைச் சேர்த்துக்கொள்ளும் டீம் லீடுக்கு. டெவலப்பராக இருந்தவர்களும் கருவிகளின் பெயரை மாற்றிக்கொண்டு இதையே பின்பற்றலாம்.

"எல்லாமே மாறிப்போச்சு" என்ற பயத்தில் விண்ணப்பமே போடாமல் இருப்பவர்கள் அதிகம். மாறியவற்றை எழுதிப் பாருங்கள், ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். எல்லை மதிப்புகளை (அனுமதித்த அளவின் ஓரத்தில் இருக்கும் எண்கள்) தேடிப் போய்ச் சோதிக்கும் பழக்கம், எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திடம் கேட்கும் மொழி), தெளிவாகப் பிழை அறிக்கை எழுதும் கை, டெவலப்பரிடம் சண்டை போடாமல் பிழையை ஒப்புக்கொள்ள வைக்கும் பக்குவம் எல்லாம் இன்றும் அப்படியே செல்லும்.

படிப்புக்கு முன்னால் காகிதங்கள்

இதைக் கடைசிக்குத் தள்ளுகிறவர்கள் ஆஃபர் வந்த பிறகு தவிக்கிறார்கள். பழைய கம்பெனி மூடியிருக்கலாம், வேறொன்றோடு இணைந்திருக்கலாம், அன்றைய எச்ஆர் யாரும் இப்போது அங்கே இல்லாமல் இருக்கலாம். ஒரு கடிதம் வாங்கவே இரண்டு மாதம் ஓடிவிடும். அதனால் முதல் வாரத்திலேயே தேடத் தொடங்குங்கள். தேவைப்படுபவை: ஒவ்வொரு கம்பெனியின் ரிலீவிங் லெட்டர், கடைசி மூன்று மாத பேஸ்லிப், ஃபார்ம் 16, பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள்.

அடுத்தது பி.எஃப். உங்கள் யுஏஎன் (பி.எஃப். கணக்கு) எண்ணைக் கொண்டு இபிஎஃப்ஓ (பி.எஃப். அமைப்பு) தளத்தில் நுழைந்து, பணி வரலாறு பக்கத்தில் வேலையை விட்ட தேதி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பல கம்பெனிகள் அதைப் பதிவதே இல்லை. அந்த இடம் காலியாக இருந்தால் நீங்கள் இன்னும் அங்கேயே வேலை பார்ப்பதாகத்தான் புதிய கம்பெனியின் சரிபார்ப்பில் தெரியும். கடைசி பி.எஃப். தொகை செலுத்தப்பட்டு இரண்டு மாதம் கடந்திருந்தால் அந்தத் தேதியை நீங்களே பதியலாம். ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு ஓடிபி வரும். கைபேசி எண் மாறியிருந்தால் முதலில் ஆதார் மையத்துக்குப் போய் அதைச் சரிசெய்ய வேண்டும்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் இனிஷியல். பட்டச் சான்றிதழில் அப்பா பெயரின் இனிஷியல், ஆதாரில் கணவர் பெயர், பான் அட்டையில் இன்னொரு வகை. யுஏஎன்னில் உள்ள பெயரும் ஆதார் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பட்டச் சான்றிதழோடு உள்ள வேறுபாட்டுக்குத் திருமணப் பதிவுச் சான்றிதழின் நகலைத் தயாராக வையுங்கள். ரெஸ்யூமில் பான் அட்டைப் பெயரையே எழுதினால் குழப்பம் குறையும்.

இடைவெளியை மறைக்க "அனுபவச் சான்றிதழ் ஏற்பாடு செய்து தருகிறோம்" என்று பணம் கேட்கும் இடங்கள் உண்டு. அந்தப் பக்கமே போகாதீர்கள். நீங்கள் சொல்லும் ஆண்டுகளுக்குப் பி.எஃப். பதிவும் வருமான வரி பிடித்தம் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையும் இல்லையென்றால் சரிபார்ப்பில் உடனே தெரிந்துவிடும். வேலையில் சேர்ந்த பிறகும் நீக்குவார்கள். உண்மையான இடைவெளியால் ஒரு இன்டர்வியூ கைநழுவலாம். பொய்யான சான்றிதழால் வேலையே போகும்.

இரண்டு மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது

நாளுக்கு 2 மணி நேரம், வாரத்துக்கு 5 நாள், 16 வாரம். மொத்தம் 160 மணி நேரம், இது போதும். ஆனால் இந்த இரண்டு மணி நேரம் ஒரே துண்டாகக் கிடைக்க வேண்டும். அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு இடையிடையே இருபது நிமிடம் படிப்பதில் கோடிங் வராது. பிழை எங்கே என்று தேடி அதன் அருகில் போகும்போதே எழுந்துகொள்ள வேண்டியிருக்கும்.

பள்ளி திறக்கும் ஜூனில் தொடங்குவது நல்லது. ஏப்ரல், மே விடுமுறையில் தொடங்கிய திட்டங்கள் பெரும்பாலும் மூன்றாவது வாரத்திலேயே நின்றுவிடுகின்றன. ஜூன் நடுவில் ஆரம்பித்தால் அக்டோபர் தொடக்கத்தில் முடியும். இடையில் வரும் காலாண்டு விடுமுறைக்கு ஒரு வாரம் போகும் என்று இப்போதே கணக்கில் சேருங்கள். வீட்டில் "படிக்கப் போறேன்" என்று பொதுவாகச் சொல்வது பலன் தராது. "காலை 9.45 முதல் 11.45 வரை நான் கிடையாது, கேஸ்காரர் வந்தாலும் அத்தைதான் பார்த்துக்கணும்" என்று நேரத்தோடும் ஆளோடும் சொல்லுங்கள். கணவர் உதவ நினைத்தால் இரவுச் சமையலையோ காலையில் பள்ளிக்கு அனுப்பும் பொறுப்பையோ முழுதாக எடுத்துக்கொள்ளட்டும். என்ன செய்யணும் என்று கேட்டுக் கேட்டுச் செய்யும் உதவியில் பாதிச் சுமை உங்களிடமே தங்கிவிடும்.

மடிக்கணினிக்கு 16 ஜிபி ராம் வேண்டும். 8 ஜிபியில் இன்டெல்லிஜேவும் (ஜாவா எழுதும் கருவி) குரோமும் சேர்ந்து ஓடும்போதே திணறும்.

என்ன படிப்பது, எந்த வரிசையில்

முதல் மூன்று வாரம் ஜாவாவுக்கும் கிட்டுக்கும் (நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி). நீங்கள் விட்டபோது ஜாவா 8. இப்போது 17 அல்லது 21ஐ நிறுவுங்கள். பழைய வீடியோக்களைப் பார்த்துப் படிப்பவர்கள் இங்கேதான் முதலில் தடுக்கி விழுகிறார்கள். கிட்ஹப்பில் (நிரலைச் சேமித்துப் பகிரும் தளம்) கடவுச்சொல் கொடுத்து நிரலை அனுப்பும் முறை 2021 ஆகஸ்டில் நின்றுவிட்டது. அதற்குப் பதில் டோக்கன் அல்லது எஸ்எஸ்எச் சாவி வேண்டும். முதன்மைக் கிளையின் பெயரும் இப்போது 'மெயின்', பழைய 'மாஸ்டர்' அல்ல. இந்த இரண்டும் தெரியாமல் "எனக்கு வரவில்லை" என்று முதல் நாளே மூடி வைத்தவர்கள் இருக்கிறார்கள். தவறு அவர்களுடையது இல்லை, வீடியோ பழையது.

4 முதல் 7ஆம் வாரம் வரை ஏபிஐ (மென்பொருள்கள் திரை இல்லாமல் ஒன்றோடொன்று பேசும் வழி) சோதனை. இதற்கு 'ரெஸ்ட்ஃபுல் புக்கர்' என்ற இலவசப் பயிற்சி ஏபிஐ மிகப் பொருத்தம். விடுதி அறை முன்பதிவு போன்ற ஒன்று, பிழைகளை வேண்டுமென்றே உள்ளே வைத்திருக்கிறார்கள். முதலில் போஸ்ட்மேன் என்ற கருவியில் கையால் அடித்துப் பாருங்கள், பிறகு ஜாவாவின் ரெஸ்ட் அஷ்யூர்டில் தானியங்கிச் சோதனையாக எழுதுங்கள். அந்த ஏபிஐயின் தரவு 10 நிமிடத்துக்கு ஒருமுறை பழைய நிலைக்குத் திரும்பிவிடும். "5ஆம் எண் முன்பதிவை எடு" என்று எழுதிய சோதனை காலையில் ஓடும், மாலையில் விழும். ஒவ்வொரு சோதனையும் தனக்கு வேண்டிய முன்பதிவைத் தானே உருவாக்கி, சோதித்து, அழிக்க வேண்டும். இந்த ஒரு பாடத்தை அனுபவித்துக் கற்றவர் இன்டர்வியூவில் தனியாகத் தெரிவார்.

இன்னும் இரண்டு இடம் கவனியுங்கள். தவறான கடவுச்சொல் கொடுத்தாலும் அந்த ஏபிஐ 200 ('சரி' என்பதற்கான எண்) என்றே பதில் தரும். பதிலின் உள்ளே மட்டும் காரணம் இருக்கும். முன்பதிவை அழித்தால் 201 வரும், 'உருவாக்கப்பட்டது' என்பதற்கான எண் அது. இரண்டுக்கும் முறையான பிழை அறிக்கை எழுதி உங்கள் கிட்ஹப் பக்கத்திலேயே வையுங்கள். நிரலை விட இந்த அறிக்கைகளில்தான் உங்கள் பழைய அனுபவம் வெளிப்படும்.

8 முதல் 11 வரை செலினியம் 4, சாஸ் டெமோ என்ற பயிற்சிக் கடைத் தளத்தில். செலினியம் 4 வந்தது 2021 அக்டோபரில். குரோம் டிரைவரை (செலினியம் குரோமை இயக்க உதவும் நிரல்) பதிப்பு பார்த்துத் தரவிறக்கும் அந்தத் தலைவலி 4.6 பதிப்போடு போய்விட்டது, அதுவே தேடி எடுத்துக்கொள்ளும். வெப்டிரைவர் வெயிட்டில் (காத்திருக்கச் சொல்லும் கட்டளை) வெறும் 10 என்று கொடுத்த பழைய வரி இப்போது செல்லாது, ட்யூரேஷன் (கால அளவு) வகையில் கொடுக்க வேண்டும். சாஸ் டெமோவின் கடவுச்சொல் உலகத்துக்கே தெரியும் என்பதால் "இந்தக் கடவுச்சொல் கசிந்துவிட்டது" என்று குரோம் ஒரு பெட்டி காட்டிச் சோதனையை மறிக்கலாம். இன்காக்னிட்டோ வகையில் திறந்தால் சரியாகும். பிளேரைட் (செலினியம் போன்ற இன்னொரு கருவி) கேட்கும் கம்பெனிகளும் இருக்கின்றன. அதே தளத்தில் ஐந்து சோதனைகளை மட்டும் பிளேரைட்டில் எழுதிப் பாருங்கள். இரண்டையும் பாதிப் பாதி படிக்க வேண்டாம்.

12ஆம் வாரம் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ். நிரலை அனுப்பியதும் சோதனைகள் அங்கே தாமாக ஓட வேண்டும். பொதுவில் திறந்த ரெபாசிட்டரிக்கு, அதாவது நிரல் சேமிப்பிடத்துக்கு, கட்டணம் இல்லை. மடிக்கணினியில் ஓடியது அங்கே விழுந்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றே: அந்தக் கணினிக்குத் திரை கிடையாது. ஹெட்லெஸ் (திரை இல்லாத) வகையில் ஓட்டி, ஜன்னல் அளவை 1920க்கு 1080 என்று கொடுங்கள்.

சாட்ஜிபிடி போன்ற கருவிகளைப் பற்றி இன்டர்வியூவில் இப்போது கேட்கிறார்கள். ஒரு திரைக்கான டெஸ்ட் கேஸ்களை அதனிடம் கேட்டு வாங்கி, அது விட்டவை எவை என்று நீங்கள் ஒரு பட்டியல் போட்டு வையுங்கள். அதைவிட நல்ல பதில் இல்லை. நிரலை அது எழுதித் தந்தாலும் ஒவ்வொரு வரியையும் உங்களால் விளக்க முடிய வேண்டும். திரையைப் பகிரச் சொல்லி ஒரு வரியை மாற்றச் சொல்வார்கள்.

முன்பே ஐஎஸ்டிக்யூபி என்ற டெஸ்டிங் சான்றிதழின் அடிப்படைத் தேர்வில் தேறியிருந்தால் அது காலாவதியாகாது. மறுபடி பணம் கட்ட வேண்டாம்.

ரெஸ்யூமும் ரெஃபரலும்

16ஆம் வாரம் வரை காத்திருக்காமல் 10ஆம் வாரத்திலேயே விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். முதல் மூன்று இன்டர்வியூக்கள் பெரும்பாலும் தோற்கும். அவை பயிற்சி. மிகவும் விரும்பும் கம்பெனியைப் பின்னால் வையுங்கள்.

இடைவெளியை ஒரே வரியில், மாதமும் ஆண்டும் போட்டு எழுதுங்கள்: குழந்தை வளர்ப்புக்கான பணி இடைவெளி. லிங்க்ட்இன்னிலும் 2022 முதல் அதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. விளக்கமும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். அதற்கு மேலே கிட்ஹப் இணைப்போடு உங்கள் புராஜெக்ட். நேரில் கேட்டால் மூன்று வாக்கியம்: எதற்காக நிறுத்தினேன், கடந்த நான்கு மாதத்தில் என்ன செய்தேன், எப்போதிலிருந்து வரலாம். "அடுத்த குழந்தை?", "குழந்தையை யார் பார்ப்பாங்க?" என்று கேட்டால், "வேலை நேரத்துக்கான ஏற்பாடு செய்துவிட்டேன்" என்ற ஒரு பதில் போதும்.

உங்களிடம் இருக்கும் பெரிய பலத்தைப் பலர் எழுதவே மறந்துவிடுகிறார்கள். வேலையில் இருப்பவர்களுக்கு 60 அல்லது 90 நாள் நோட்டீஸ் பீரியட். உங்களுக்கு அது கிடையாது. அவசரமாக ஆள் தேடும் புராஜெக்டுக்கு இது பெரிய விஷயம். "15 நாளில் சேரலாம்" என்று ரெஸ்யூமின் தலைப்பிலேயே போடுங்கள். நௌக்ரி என்ற வேலைத் தளத்தில் நோட்டீஸ் காலத்தை வைத்தே வடிகட்டித் தேடுகிறார்கள்.

பழைய தோழியிடம் ரெஃபரல் (தன் கம்பெனிக்கு உங்களைப் பரிந்துரைப்பது) கேட்கும்போது "ஏதாவது இருந்தா சொல்லு" என்று கேட்காதீர்கள். அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அவர் கம்பெனியின் தளத்தில் வேலை எண்ணை நீங்களே கண்டுபிடித்து, இரண்டு பக்க ரெஸ்யூம், பான் அட்டைப் பெயர், கைபேசி, மின்னஞ்சல் எல்லாவற்றையும் ஒரே செய்தியில் அனுப்புங்கள். ஐந்து நிமிடத்தில் பதிவேற்றிவிடுவார். ஆனால் அதே கம்பெனிக்கு ஏதாவது கன்சல்டன்சி (ஆள் தேடித் தரும் நிறுவனம்) உங்கள் ரெஸ்யூமை முன்பே ஏற்றியிருந்தால், நகல் என்று சொல்லி ரெஃபரலைச் சில மாதங்களுக்குப் பூட்டிவிடுவார்கள். எந்தக் கம்பெனிக்கு அனுப்பப்போகிறார்கள் என்று கேட்காமல் எந்தக் கன்சல்டன்சிக்கும் சம்மதம் தராதீர்கள்.

திரும்புபவர்களுக்கென்றே தனித் திட்டங்களும் உண்டு. டாடா குழுமம் 2008லேயே தொடங்கியது, டிசிஎஸ்ஸில் 'ரீபிகின்', விப்ரோவில் 'பிகின் அகெய்ன்', அமேசானில் 'ரீகிண்டில்'. சென்னையில் சௌந்தர்யா ராஜேஷ் நிறுவிய அவதார் பல வருடங்களாக இதற்காகவே வேலை செய்கிறது. இவற்றைப் பாருங்கள், ஆனால் இவற்றை மட்டும் நம்பிச் சாதாரண விண்ணப்பங்களை நிறுத்தாதீர்கள். சில மாதங்களுக்கான பயிற்சி வேலை என்று தந்தால் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: நிரந்தரமாக்க என்ன அளவுகோல், அப்போது சம்பளம் எவ்வளவு, இடைக்காலத்தில் பி.எஃப். உண்டா, மருத்துவக் காப்பீடு உண்டா.

சம்பளம் பேசும்போது ஆறு வருடத்துக்கு முந்தைய தொகைக்கு மேல் 30 சதவீதம் என்று கணக்குப் போட விடாதீர்கள். இன்று மூன்று வருட அனுபவத்துக்கு அந்தக் கம்பெனி தரும் தொகையை முன்னாள் சகாக்களிடம் விசாரித்து அதையே கேளுங்கள். "எவ்வளவு கொடுத்தாலும் பரவாயில்லை" என்று சொல்லிச் சேர்ந்தால் அடுத்த ஐந்து வருட உயர்வும் அந்தக் குறைந்த தொகையின் மேல்தான் கணக்காகும்.

ஆஃபரில் கையெழுத்திடும் முன் மாலை அழைப்புகள் எத்தனை மணி வரை, வாரத்தில் எத்தனை நாள் அலுவலகம், புராஜெக்ட் உறுதியா என்று கேளுங்கள். புராஜெக்ட் இல்லாமல் சேர்ந்து பெஞ்சில் இரண்டு மாதம் உட்கார்ந்தால், கட்டியெழுப்பிய பழக்கமும் தைரியமும் கரைந்துவிடும். சேர்வதற்கு இரண்டு வாரம் முன்பே டேகேரை ஆரம்பித்து, ஒரு திங்கட்கிழமை காலை 8.30க்கு உங்கள் அலுவலகம், சென்னையின் சிறுசேரி என்றால் அங்கே வரை, ஒருமுறை போய்ப் பாருங்கள். டேகேரின் முதல் மூன்று மாதம் குழந்தைக்குச் சளியும் காய்ச்சலும் மாறி மாறி வரும். அந்த நாட்களில் யார் வீட்டில் இருப்பது என்று கணவரோடு முன்கூட்டியே பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

டீம் லீடுக்கு

மடிக்கணினி, விபிஎன், ஜிரா, ரெபாசிட்டரி அனுமதி எல்லாம் முதல் நாளே கையில் இருக்கட்டும். முதல் வாரம் முழுக்கப் பயிற்சி வீடியோ ஓட்டாதீர்கள். மூன்று நாளில் முடிந்து ரிலீஸ் வரை போகும் சின்ன டிக்கெட் ஒன்றை முதல் வாரத்திலேயே கொடுங்கள். சந்தேகம் கேட்க உங்களை அல்லாமல் சக டெஸ்டர் ஒருவரை நியமியுங்கள். முதல் இரண்டு வாரம் தினமும் 30 நிமிடம், அதன்பின் வாரம் மூன்று முறை. உங்களிடம் கேட்டால் மதிப்பெண் குறையுமோ என்ற தயக்கம் இருக்கும்.

இரக்கப்பட்டு ஆவண வேலையையும் அறிக்கை தொகுப்பதையும் மட்டும் கொடுப்பது பெரிய தீங்கு. ஒரு வருடம் கழித்து அவர் கையில் காட்ட ஒன்றும் இருக்காது. காலை 9 மணி ஸ்டாண்ட்அப் (தினசரிக் குறுங்கூட்டம்) பள்ளி வேன் நேரத்தோடு மோதினால் 10க்கு மாற்றுங்கள். 30, 60, 90 நாட்களில் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். அப்ரைசலில் அவர் வேலை பார்த்த மாதங்களை மட்டும் மதிப்பிடுங்கள்.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம் என்பது மகப்பேறு சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்த விதி. உங்கள் கம்பெனிக்கு எந்தக் காப்பகத்தோடு ஒப்பந்தம், எந்த வயது வரை, கட்டணத்தில் கம்பெனியின் பங்கு எவ்வளவு என்று எச்ஆரிடம் கேட்டு வைத்து, அவர் சேரும் முன்பே அந்த விவரத்தை அனுப்பிவிடுங்கள்.