வகுப்பறையில் வங்காள விரிகுடா: கடல் பாடத்துக்கு நான் திறக்கும் தளங்கள்

கடல் பற்றி நடத்த இணையத்தில் என்ன கிடைக்கும் என்று தேடினால் சுறா, ஆமை, பவளப்பாறை வீடியோக்கள்தான் முதலில் வந்து குவியும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பாடவேளையில் பாதி அதற்கே போய்விட்டால் பிள்ளைகள் நோட்டில் எழுத ஒன்றும் மிஞ்சாது. நாகை மாவட்டக் கடலோரத்தில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். நீர்க்கோளம் பாடம் வந்தால் வீடியோவைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, எண் கிடைக்கிற தளங்களைத்தான் முதலில் திறப்பேன். நம் கடல் எவ்வளவு ஆழம், இன்றைக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டால் பதில் எண்ணாக வர வேண்டும், அதைப் பிள்ளைகளே படித்து எழுத வேண்டும். ஒரு பாடவேளைக்கு ஒரு தளம், ஒரு கேள்வி. அதற்கு மேல் வேண்டாம்.

ஆழம்: கூகுள் எர்த் புரோ

கணினியில் நிறுவிக்கொள்ளும் கூகுள் எர்த் புரோ இலவசம். கடல்மேல் சுட்டியை வைத்தால் திரையின் அடியில் அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, கடலடி ஆழம் மூன்றும் தெரியும். ஆழத்துக்கு முன்னால் கழித்தல் குறி இருக்கும். அது ஏன் என்று கேட்டே பாடத்தைத் தொடங்கலாம்.

தரங்கம்பாடி ஏறக்குறைய 11 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. அங்கிருந்து அதே கோட்டில் நேர் கிழக்கே அந்தமான் பக்கம்வரை போவதுதான் பயிற்சி. கரையிலிருந்து 82 டிகிரி தீர்க்கரேகைவரை கால் டிகிரிக்கு ஓர் அளவு, அதற்குப் பிறகு ஒரு டிகிரிக்கு ஓர் அளவு போதும். இந்த அட்சரேகையில் ஒரு டிகிரி என்பது சுமார் 109 கிலோமீட்டர், கால் டிகிரி 27 கிலோமீட்டர். ஒருவர் சுட்டியை நகர்த்த, ஒருவர் எண்ணை வாசிக்க, மற்றவர்கள் வரைபடத்தாளில் புள்ளி வைத்துக்கொண்டே வருவார்கள்.

கோடு இழுத்து முடித்ததும் கண்டத்திட்டு, கண்டச்சரிவு, ஆழ்கடல் சமவெளி மூன்றும் தாளில் தாமாக வந்து நிற்கும். கரையோரம் கொஞ்ச தூரம் மேடு, அப்புறம் விறுவிறுவென்று சரிவு, பிறகு மூவாயிரத்துச் சொச்சம் மீட்டரில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குப் பெரிய ஏற்ற இறக்கமே இல்லாத தரை. பாடநூல் படத்தில் மலையும் பள்ளமுமாகப் பார்த்த பிள்ளைகளுக்கு இந்தச் சமவெளி ஏமாற்றமாக இருக்கும். அந்த ஏமாற்றம் நமக்கு வேண்டும். இவ்வளவு தட்டையாக யார் நிரவினார்கள்? கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையிலிருந்து கொண்டுவந்து கொட்டிய வண்டல். வங்காள வண்டல் விசிறி என்று பெயர். உலகத்திலேயே பெரிய கடலடி வண்டல் விசிறி இதுதான், நீளம் மூவாயிரம் கிலோமீட்டர் அளவுக்கு வரும். கங்கை நம் ஊருக்கு வரவில்லை என்று யார் சொன்னது?

நேரமிருந்தால் கோடியக்கரையைத் தாண்டிப் பாக் நீரிணைக்குள் சுட்டியை நகர்த்தச் சொல்லுங்கள். அங்கே பதினைந்து மீட்டரைத் தாண்டுவதே அபூர்வம். ஒன்று மட்டும் சொல்லிவிட வேண்டும்: கரையை ஒட்டிய எண்களை அப்படியே நம்பக் கூடாது. கடலடியின் பெரும்பகுதியை இன்னும் கப்பலில் போய் யாரும் அளக்கவில்லை. செயற்கைக்கோள் தகவலை வைத்துக் கணக்கிட்டு நிரப்பிய இடங்கள் அதிகம். வகுப்பில் படகுக்காரர் வீட்டுப் பிள்ளை இருந்தால் இதை நமக்கு முன்பே சொல்லிவிடும்.

நீரோட்டம்: நல்ஸ்கூல்

எர்த் நல்ஸ்கூல் என்ற தளத்தைக் காற்று பார்க்கப் பலரும் திறந்திருப்பீர்கள். இடது மூலையில் உள்ள எர்த் என்ற சொல்லை அழுத்தினால் பட்டியல் விரியும். அதில் கடல், நீரோட்டம் இரண்டையும் தேர்ந்தெடுங்கள். உலகப் பந்தைச் சுழற்றி வங்காள விரிகுடாவுக்கு வந்து, ஒரு புள்ளியில் தட்டினால் நீரின் வேகமும் திசையும் எண்ணாக வரும்.

இதன் உண்மையான பயன் தேதியை மாற்றுவதில் இருக்கிறது. ஒரு மார்ச் மாதத் தேதியை எடுங்கள்: நம் கிழக்குக் கரையோர நீரோட்டம் வடக்கு நோக்கிப் போகும். அதே ஆண்டின் நவம்பருக்குப் போனால் தெற்கு நோக்கித் திரும்பியிருக்கும். "ஐப்பசி கார்த்திகைல நீவாடு தெக்கதான் இழுக்கும்னு எங்க தாத்தா சொல்லும் டீச்சர்" என்று ஒரு பையன் கடைசி பெஞ்சிலிருந்து சொன்னான். நீவாடு என்றால் நீரோட்டம். அதற்கு மேல் நான் விளக்க ஒன்றுமில்லை. பருவக்காற்று திரும்பும்போது நீரோட்டமும் திரும்புகிற கடல் நம்முடையது. சோமாலியக் கரையில் ஜனவரியையும் ஜூலையையும் ஒப்பிட்டால் இது இன்னும் பளிச்சென்று தெரியும்.

நீங்கள் வைத்த இடம், தேதி எல்லாம் முகவரிப் பட்டையிலேயே பதிவாகிவிடும். வீட்டில் தயார் செய்து அந்த முகவரியைச் சேமித்துக்கொண்டால் வகுப்பில் தடுமாற வேண்டியதில்லை.

மீன் எங்கே: இன்காய்ஸ்

ஐதராபாத்தில் 1999 முதல் இயங்கும் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்தை மீனவர்கள் இன்காய்ஸ் என்றே சொல்வார்கள். மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகளை அதன் தளம் பட்டியலாக வெளியிடுகிறது, தமிழிலும் கிடைக்கும். எந்த மீன் இறங்குதளத்திலிருந்து, எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஆழம், என்ன அட்சரேகை தீர்க்கரேகை என்று அதில் இருக்கும். அட்சரேகை, தீர்க்கரேகைப் பயிற்சிக்கு இதைவிட நல்ல பட்டியல் எனக்குக் கிடைத்ததில்லை. எங்கோ இருக்கும் நகரத்தின் புள்ளியைக் குறிப்பதற்கும், அப்பா நாளைக்குப் போகக்கூடிய இடத்தைக் குறிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது அல்லவா?

புள்ளி வைத்து முடித்ததும், ஐதராபாத்தில் உட்கார்ந்துகொண்டு மீனை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேளுங்கள். மீனை யாரும் பார்க்கவில்லை. செயற்கைக்கோள் கடற்பரப்பின் வெப்பநிலையையும் பச்சையத்தையும் பார்க்கிறது. பச்சையம் இருந்தால் மிதவை நுண்பாசி இருக்கிறது. அதைத் தின்னச் சிறு உயிர்கள், அவற்றைத் தின்ன மீன். உணவுச் சங்கிலி பாடம் இங்கே தானாக ஒட்டிக்கொள்ளும். நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தில் பச்சைய அடுக்கைப் போட்டுக் காட்டினால் மூலப்படமும் பார்த்தாயிற்று. மேகம் மூடிய இடம் அதில் வெறுமையாகக் கிடக்கும். இன்காய்ஸ் சில நாள் அறிவிப்பு தராததற்கும் அதுதான் காரணம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கரையில் மீன்பிடித் தடைக்காலம். அப்போதும் அறிவிப்பு வராது. ஆகவே இந்தப் பாடத்தை அந்த மாதங்களுக்கு ஒதுக்கிவைக்காதீர்கள்.

சுனாமிக் கணக்கு

எங்கள் பக்கம் இதை யோசித்துத்தான் எடுக்க வேண்டும். 2004 பற்றிய வீடியோக்களில் ஆட்கள் ஓடுவதும் அழுவதும் இருக்கும்; அவற்றை நான் போடுவதே இல்லை. இந்தப் பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். ஆனாலும் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் இருக்கும். பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் யூடியூபில் வைத்திருக்கும் அசைபடத்தில் கடலும் அலையும் மட்டும்தான். அதுவே போதும்.

அதைக் காட்டிவிட்டுக் கணக்குக்கு வருவேன். சுனாமியின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது: புவியீர்ப்பு முடுக்கத்தை ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் போதும். 3,000 மீட்டர் ஆழத்தில் 9.8 பெருக்கல் 3,000, அதாவது 29,400. வர்க்கமூலம் விநாடிக்கு சுமார் 171 மீட்டர், மணிக்கு 617 கிலோமீட்டர். 10 மீட்டர் ஆழத்தில் அதே கணக்கு மணிக்கு சுமார் 36 கிலோமீட்டர்தான். அலை கரைக்கு வரும்போது வேகம் குறைந்து ஏன் உயர்கிறது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

இனி கூகுள் எர்த்தின் அளவுகோலை எடுத்து, சுமத்ரா அருகே நிலநடுக்க மையத்திலிருந்து நாகப்பட்டினம்வரை அளக்கச் சொல்லுங்கள். 1,960 கிலோமீட்டர் வாக்கில் வரும். 617-ஆல் வகுத்தால் மூன்று மணி நேரத்துக்கும் மேல். ஆனால் நிலநடுக்கம் நம் நேரப்படி காலை 6.29-க்கு, அலை வந்தது ஒன்பது மணி வாக்கில், அதாவது இரண்டரை மணி நேரத்தில். கணக்கு தப்பா, கடிகாரம் தப்பா? இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு நான் பேசாமல் இருப்பேன். கடல் இன்னும் ஆழமாக இருந்திருக்கும் என்று யாராவது சொல்வார்கள். நல்ல பதில்தான், 3,500 மீட்டர் வைத்துப் போடச் சொல்வேன். அப்போதும் மூன்று மணிக்குப் பக்கத்திலேயே நிற்கும்.

விடை வேறு இடத்தில் இருக்கிறது. நிலம் ஒரு புள்ளியில் மட்டும் பிளக்கவில்லை. சுமத்ராவில் தொடங்கிய பிளவு நிக்கோபார், அந்தமான்வரை வடக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஓடியது. அலை அந்த நீளம் முழுவதிலுமிருந்து கிளம்பியது. கார் நிக்கோபாருக்கு மேற்கேயிருந்து நாகைக்கு அளந்தால் சுமார் 1,400 கிலோமீட்டர், இரண்டே கால் மணி நேரம். கரையோர ஆழமில்லாத நீரில் பிடிக்கும் தாமதத்தைச் சேர்த்தால் கணக்கு பொருந்திவிடும். 2007-ல் இன்காய்ஸில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்ததையும், அது அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன செய்யும் என்பதையும் இதன் தொடர்ச்சியாகச் சொல்லலாம்.

ஆர்கோ மிதவைகள்

பதினோராம் வகுப்பானால் ஆர்கோ மிதவைகளைக் காட்டுங்கள். உலகக் கடல்களில் நாலாயிரத்தை ஒட்டிய எண்ணிக்கையில் மிதக்கும் கருவிகள் இவை. 1,000 மீட்டர் ஆழத்தில் அலைந்துவிட்டு, பத்து நாளைக்கொருமுறை 2,000 மீட்டருக்கு இறங்கி, மேலே வரும் வழியில் வெப்பநிலையும் உப்புத்தன்மையும் அளந்து செயற்கைக்கோள் வழியாக அனுப்பும். யூரோ ஆர்கோவின் கண்காணிப்புப் பக்கத்தில் வங்காள விரிகுடாவில் ஒரு மிதவையைத் தட்டி அதன் வரைபடங்களைத் திறக்கலாம். மேலே 28, 29 டிகிரியில் இருக்கும் நீர் 2,000 மீட்டரில் மூன்று டிகிரி பக்கம் போய்விடும். அப்புறம் அரபிக்கடலில் ஒரு மிதவையைத் தட்டி உப்புத்தன்மை காட்டும் வரைகோட்டை ஒப்பிடுங்கள். பெரிய ஆறுகள் கலக்கிற நம் பக்கத்தின் மேல்நீர் உப்புக் குறைந்தது என்பது கண்ணுக்கே தெரியும்.

வீடியோவும் இருக்கட்டும்

அதற்காக வீடியோவே வேண்டாம் என்றில்லை. ஆழ்கடல் ஆய்வு செய்யும் நாட்டிலஸ் லைவ் குழுவினர் கலிபோர்னியா அருகே சுமார் 900 மீட்டர் ஆழத்தில் எடுத்த, முண்டக்கண் கொண்ட குட்டிக் கணவாய் வீடியோவுக்குச் சிரிக்காத வகுப்பு இல்லை. மான்டெரே விரிகுடா மீன்காட்சியகத்தின் நேரலையைக் காலையில் திறந்தால் அங்கே இரவு, பதிவுதான் ஓடும். நீல் ஃபன் தளத்தின் ஆழ்கடல் பக்கம், கீழே உருட்ட உருட்ட அந்தந்த ஆழத்து உயிர்களைக் காட்டும். கடைசி ஐந்து நிமிடத்துக்குக் கச்சிதம். எல்லாமே ஆங்கிலம். தானியங்கித் தமிழ் வசனம் பல நேரம் சிரிப்பைத்தான் வரவழைக்கும். ஒலியை நிறுத்திவிட்டு நீங்களே பேசுங்கள்.

இணைப்பு போய்விடும் என்று எண்ணியே தயாராகுங்கள். ஒவ்வொரு தளத்திலும் தேவையான திரையை முந்தின நாளே படமாக எடுத்து பென்டிரைவில் போட்டுவிடுவேன். நல்ஸ்கூலில் மார்ச், நவம்பர் இரண்டு படங்கள், இன்காய்ஸ் பட்டியலின் நகல் வரிசைக்கொன்று. கூகுள் எர்த்தில் பாடத்துக்கான பாதையை முன்னதாக ஒருமுறை மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டால் அந்தப் படங்கள் கணினியிலேயே தங்கும், இணைப்பு மந்தமானாலும் ஓரளவுக்கு ஓடும்.