நாலாவது டவுனில் டீ போட எழுந்திருக்காதீர்கள்

அமெரிக்க ஃபுட்பாலில் பத்து கெஜம் முன்னேற ஒரு அணிக்கு நாலு வாய்ப்பு, ஒவ்வொன்றுக்கும் டவுன் என்று பெயர். மூன்றாவது டவுன் வீணானதும், "இனிமே உதைக்கத்தானே போறான்" என்று சொல்லிவிட்டு டீ போட எழுந்து போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் தம்பி மகன் அந்த ரகம்தான். டீயை ஆட்டம் தொடங்கும் முன்பே போட்டு ஃப்ளாஸ்க்கில் ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பெஷல் டீம்ஸ், அதாவது உதைக்கிற ஆட்டங்களுக்கென்று இறங்குகிற அணி, அதற்குக் கோச் என்று ஒருவர் வாரம் முழுக்க என்ன வேலை பார்த்தார் என்பது, நீங்கள் அடுப்பங்கரையில் நிற்கிற அந்தப் பத்து வினாடியில்தான் தெரியும்.

கடலூரில் 31 வருஷம் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பெண் பிள்ளைகளுக்குக் கோ-கோவும் கால்பந்தும் சொல்லிக்கொடுத்தேன். இந்துமதி கதிரேசன் மாதிரி இந்தியாவுக்கு ஆடிய பெண் பிறந்த ஊர் இது. எங்களுக்குக் கால்பந்து என்றால் காலால் ஆடுவது. முட்டை மாதிரிப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவதற்கு ஃபுட்பால் என்று பெயர் வைத்தவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

2021 டிசம்பரில் மகள் பிரசவத்துக்காக மில்வாக்கி போனேன். ராத்திரி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே மாப்பிள்ளையோடு ஆட்டம் பார்ப்பேன். அவர் கிரீன் பே பேக்கர்ஸ் பைத்தியம். 2022 ஜனவரி 22, பனி கொட்டுகிற இரவு, சான் பிரான்சிஸ்கோவோடு பிளே-ஆஃப். பேக்கர்ஸ் அந்த வருஷம் 13 ஆட்டம் ஜெயித்து வந்த அணி. அன்றைக்கு அவர்களுடைய டிஃபென்ஸ் (தடுக்கிற ஆட்கள்) எதிராளியின் அஃபென்ஸை (பந்தோடு முன்னேறுகிற ஆட்கள்) ஒரு டச்டவுன்கூட (கோடிவரை பந்தைக் கொண்டுபோய் எடுக்கும் 6 புள்ளி) போட விடவில்லை. ஆனாலும் 13-10 என்று தோற்றார்கள். இடைவேளைக்குச் சற்று முன் அவர்கள் உதைத்த ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் 3 புள்ளி) தடுக்கப்பட்டது. கடைசி ஐந்து நிமிஷத்தில் பன்ட்டும் (நாலாவது டவுனில் பந்தை எதிரணிப் பக்கம் தூர உதைத்துக் கொடுத்துவிடுவது) தடுக்கப்பட்டு, அந்தப் பந்தையே பொறுக்கி எதிரணி டச்டவுன் போட்டது. முடிவில் எதிரணியின் கிக்கர் ராபி கூல்ட் 45 கெஜத்திலிருந்து உதைத்துக் கதையை முடித்தார். மறுநாள் டி.வி.யில் அந்த உதையைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். தடுக்க நின்ற பேக்கர்ஸ் ஆட்களை எண்ணினால் 10 பேர்தான்.

31 வருஷம் டிரில் பீரியடில் தலை எண்ணியவளுக்கு அதைப் பார்த்து எப்படி இருக்கும், சொல்லுங்கள். மாப்பிள்ளை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிப்ரவரியில் அந்த அணி ரிச் பிசாச்சியா என்பவரை ஸ்பெஷல் டீம்ஸுக்குக் கொண்டுவந்த செய்தி வந்தபோதுதான் அவர் முகத்தில் களை வந்தது. ஒரு உதவிக் கோச்சை எடுத்ததற்கு இவ்வளவா என்று அப்போது நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை.

அதனால் முதல் வேலை, எண்ணுங்கள். உதைக்கிற ஆட்டம் எது வந்தாலும் இரண்டு பக்கமும் 11 நிற்கிறதா என்று பாருங்கள். சிரிப்பாக இருக்கும். இரண்டு மூன்று ஆட்டத்தில் ஒருமுறையாவது யாரோ ஒருவன் கடைசி நேரத்தில் கோட்டோரத்திலிருந்து தலைதெறிக்க ஓடி வருவதைப் பார்ப்பீர்கள்.

ஏன் அப்படி ஆகிறது என்றால், இந்த அணிக்கென்று தனி ஆட்கள் கிடையாது. ஒரு அணியில் 53 பேர். அதில் உதைக்கிற கிக்கர், பன்ட் அடிக்கிற பன்ட்டர், பந்தைக் காலிடுக்கு வழியாகப் பின்னால் எறிகிற லாங் ஸ்னாப்பர் ஆகிய மூவருக்கும்தான் இது முழு நேர வேலை. மற்றவர்கள் எல்லாம் இரவல் ஆட்கள். டிஃபென்ஸ் பெஞ்சில் இருக்கும் லைன்பேக்கர், மூன்றாவது கார்னர்பேக், இந்த வருஷம்தான் கல்லூரியிலிருந்து வந்த பொடியன். டிஃபென்ஸில் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகினால், அவன் இடத்துக்குப் பெஞ்சுக்காரன் போவான். அவன்தான் கிக்ஆஃபிலும் (ஆட்டத்தைத் தொடங்கிவைக்கிற உதை) பன்ட்டிலும் ஓடுகிறவன். மேலே ஒரு காயம், கீழே இரண்டு மூன்று ஓட்டை. வீட்டு விசேஷத்தில் பரிமாற நின்ற பையனைத் திடீரென்று சமையல்கட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டால் பந்தியில் என்ன நடக்குமோ, அதுதான் நடக்கும். நல்ல கோச் ஒவ்வொரு இடத்துக்கும் அடுத்த ஆள் யார், அவனுக்கும் அடுத்த ஆள் யார் என்று முன்னாலேயே எழுதி வைத்திருப்பார். இத்தனைக்கும் பயிற்சியில் அவருக்குக் கிடைப்பது துண்டு துண்டான நேரம்.

பார்க்கிற நேரத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஞாயிறு மத்தியானம் ஒரு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு ராத்திரி 10:30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிய பிறகு 11:30. ஞாயிறு இரவு ஆட்டம் நமக்குத் திங்கள் விடிகாலை, பால்காரர் வருகிற நேரம். ஹைலைட்ஸ் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அதில் முதலில் வெட்டப்படுவதே பன்ட்தான். முழு ஆட்டம் பாருங்கள். கையில் செல்போன் ஸ்டாப்வாட்ச், ஒரு நாற்பது பக்க நோட்டு, போதும். கெஜக் கணக்குக்குப் பயப்பட வேண்டாம், ஜவுளிக்கடையில் பழகியதுதான்.

பன்ட்டில்தான் கோச்சின் கைவேலை அதிகம் தெரியும். அதனால் அங்கே தொடங்குங்கள். முதல் ஆட்டத்தில் ஸ்னாப்பரின் கையிலிருந்து பந்து கிளம்பியதும் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தி, பன்ட்டர் காலில் பட்டதும் நிறுத்துங்கள். 2 வினாடிக்குச் சற்று மேலே இருந்தால் சரி. இரண்டரையை நெருங்கினால் எந்த வாரமாவது ஒரு பன்ட் தடுக்கப்படப் போகிறது. அடுத்த ஆட்டத்தில், காலில் பட்டதிலிருந்து எதிராளி பிடிக்கும் வரை அளவெடுங்கள். நாலரை வினாடி பந்து வானத்தில் நின்றால் நல்ல உதை. புதிதாகப் பார்க்கிறவர்கள் தூரத்தைப் பார்த்துக் கை தட்டுவார்கள். 60 கெஜம் போன உதை நாலு வினாடியில் இறங்கிவிட்டால் ஆபத்து. பிடிக்கிறவனைச் சுற்றி நம் ஆள் ஒருவனும் இருக்க மாட்டான், அவன் சாவகாசமாகத் திரும்பி ஓடி வருவான். 45 கெஜம், நாலரை வினாடி, இறங்குகிற இடத்தில் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள் என்றால் நோட்டில் ஒரு டிக் போடுங்கள்.

அந்த இரண்டு பேரைக் கன்னர் என்பார்கள். வரிசையின் இரண்டு கோடியில் நிற்பவர்கள். அமெரிக்க ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல். விதிப்படி பந்து காலில் படும் முன்பே முன்னால் ஓட அவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. மூன்றாவது ஆட்டத்தில் பந்தை விட்டுவிட்டுக் கன்னரை மட்டும் பாருங்கள். டி.வி. கேமரா பந்தோடு மேலே போய்விடும், ரீப்ளேக்குக் காத்திருக்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து அமுக்கும்போது எந்தத் தோளைக் கொடுத்து நழுவுகிறான், ஓடும்போது கோட்டுக்கு வெளியே தள்ளப்பட்டால் உடனே உள்ளே திரும்புகிறானா, பிடிப்பவனுக்கு நேராக வந்து நிற்கிறானா, பக்கத்தில் கடந்து போய்விடுகிறானா. இதெல்லாம் பிறவித் திறமை இல்லை. யாரோ ஒருவர் நூறு தடவை ஓடவிட்டிருக்கிறார்.

கிக்ஆஃப் இப்போது வேறு ஆட்டமாகிவிட்டது. 2024-ல் விதியையே மாற்றினார்கள். உதைக்கிறவர் தன் 35 கெஜக் கோட்டில் தனியாக நிற்பார். அவருடைய பத்து பேர் எதிரணியின் 40-ல் போய் நிற்பார்கள். பந்து தரையிலோ பிடிப்பவன் மேலோ படும் வரை அவர்கள் அசையக்கூடாது. பார்த்தால் பி.டி. பீரியடில் "ஸ்டாச்சு" சொன்ன மாதிரி இருக்கும். எண்ட் ஸோனுக்குள் (மைதானத்தின் கோடிப் பகுதி) நேராக அடித்துவிட்டால் எதிராளிக்கு 30-லிருந்து ஆட்டம் என்று இருந்தது. 2025-ல் அதை 35 ஆக்கிவிட்டார்கள். இனி சும்மா தூரமாக அடித்துத் தப்பிக்க முடியாது, கோச் கணக்குப் போட்டே ஆக வேண்டும். எனக்கு இந்த மாற்றம் பிடித்தது. இருபது வருஷ அனுபவம் உள்ள கோச்சும் நேற்று வந்தவரும் ஒரே நாளில் ஒண்ணாங்கிளாஸில் உட்கார்ந்தார்கள். யார் முதலில் பாடத்தைப் பிடித்தார் என்று நம் கண்ணாலேயே பார்க்க முடிந்தது.

ஃபீல்டு கோலில் அளக்க அதிகமில்லை. ஸ்னாப்பிலிருந்து உதை வரை சுமார் 1.3 வினாடி. உதைக்கிற அணியை எல்லோரும் பார்க்கிறார்கள், நீங்கள் தடுக்கிற அணியைப் பாருங்கள். 2024 நவம்பர் 10, டென்வர் கடைசி வினாடியில் 35 கெஜம் அடித்தால் கான்சாஸ் சிட்டியைத் தோற்கடித்திருக்கும். கிட்டத்தட்டக் கையில் இருந்த வெற்றி. லியோ செனால் எதிரே நின்றவரைச் சாய்த்துக்கொண்டு உள்ளே புகுந்து பந்தை மறித்தார். 16-14. நம்மூரில் அப்போது ராத்திரி இரண்டரை இருக்கும். நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு விளக்கு எரிந்தது. கான்சாஸ் சிட்டியில் அப்போது ஸ்பெஷல் டீம்ஸ் பார்த்தவர் டேவ் டௌப், 2013-லிருந்து. கடைசி உதை என்று தெரிந்தும், "எப்படியும் உள்ளே போயிடும்" என்று தோள் தொங்காமல் பதினொரு பேரும் முழு மூச்சில் பாய்கிறார்களா என்பதுதான் கேள்வி. தோற்கிற நிலையில் பிள்ளைகளை ஓடவைக்க முயன்ற யாருக்கும் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

கோச்சுக்கு எவ்வளவு துணிச்சல் இருக்கிறது, தலைமைக் கோச் அவர் பேச்சை எவ்வளவு கேட்கிறார் என்பதையும் கவனியுங்கள். ஜான் ஹார்பா பிலடெல்பியாவில் பல வருஷம் ஸ்பெஷல் டீம்ஸ் பார்த்துவிட்டு பால்டிமோருக்குத் தலைமைக் கோச்சாகப் போனவர். 2013 பிப்ரவரியில் சூப்பர் பவுல் என்கிற இறுதி ஆட்டத்தில் எதிர்த் தரப்பில் அவருடைய தம்பியே கோச். 12 வினாடி மிச்சம், 34-29 என்று முன்னிலை, பன்ட் அடிக்க வேண்டிய கட்டாயம். பன்ட்டர் சாம் கோக் அடிக்கவே இல்லை. தன் எண்ட் ஸோனுக்குள்ளேயே பந்தோடு சுற்றிச் சுற்றி நேரத்தைத் தின்றுவிட்டுக் கோட்டுக்கு வெளியே காலை வைத்தார். எதிரணிக்கு 2 புள்ளி தானம், கடிகாரத்தில் 4 வினாடிதான் பாக்கி. 34-31, கோப்பை அண்ணனுக்கு. தடுக்கப்பட வாய்ப்புள்ள பன்ட்டை அடிக்காமலே விடுவது. இதை உட்கார்ந்து யோசிக்கிறவர் ஸ்பெஷல் டீம்ஸ் வேலையில் ஊறியவராகத்தான் இருப்பார்.

இன்னொன்றைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. 2005-ல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது அந்த ஊர் சூப்பர்டோம் அரங்கம் ஜனங்கள் ஒதுங்கும் முகாமானது, கூரை பிய்ந்தது. 2006 செப்டம்பர் 25-ல் மறுபடி திறந்தார்கள். ஆட்டம் தொடங்கிய சில நிமிஷத்தில் ஸ்டீவ் கிளீசன் என்ற பெஞ்சுக்காரர் நடுச் சந்தில் புகுந்து அட்லாண்டாவின் பன்ட்டை மறித்தார், டச்டவுன். அந்த ஒரு பாய்ச்சலுக்கு அரங்கத்துக்கு வெளியே சிலை வைத்திருக்கிறார்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் எங்கள் ஊரை அடித்தது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பள்ளி மைதானத்தில் விழுந்த மரத்தை அறுத்து எடுத்துவிட்டு முதல்முறையாகப் பிள்ளைகளை ஓடவிட்ட சாயங்காலம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. யாரும் சிலை வைக்கவில்லை, ஆனால் அன்றைக்கு எல்லாப் பெண்களும் வீட்டுக்குப் போக மனசில்லாமல் இருட்டும் வரை ஆடினார்கள்.

மதிப்பெண் போடும்போது ஒரு எச்சரிக்கை. காற்றில் கிக்கர் தவறவிட்டால் அதைக் கோச் தலையில் கட்டாதீர்கள். மார்வ் லெவி 1969-ல் பிலடெல்பியாவில் உதைக்கும் அணிகளுக்கென்றே கோச்சாக இருந்தவர். அதே வருஷம் லாஸ் ஏஞ்சலஸில் ஜார்ஜ் ஆலன் இந்த வேலைக்கு டிக் வெர்மீலை வைத்தார். அந்தக் காலத்தில் இதற்கென்று ஒரு ஆள் வைப்பதே புதுசு. லெவி பிறகு பஃபலோவின் தலைமைக் கோச்சானார். 1991 ஜனவரி சூப்பர் பவுலில் அவருடைய ஸ்காட் நார்வுட் 47 கெஜத்திலிருந்து உதைத்தது வலது பக்கம் விலகிப் போனது. 20-19, தோல்வி. அதற்காக லெவிக்கு உதைக்கும் ஆட்டம் தெரியாது என்று சொல்ல முடியுமா? ஒரே ஆள் இரண்டு வாரம் தொடர்ந்து முதுகில் தள்ளி அபராதம் வாங்கினால், அதைக் கோச் கணக்கில் எழுதுங்கள். தடுக்கப்பட்ட உதைகள், எதிராளி திரும்பி ஓடிய நீளம், 20 கெஜத்துக்குள் முடக்கிய பன்ட்டுகள், எண்ணிக்கைக் குழப்பம், அபராதம். ஐந்து பத்திதான், பதினேழு ஆட்டத்துக்கு. 2010-ல் சான் டியேகோ சார்ஜர்ஸ் கெஜக் கணக்கில் அஃபென்ஸிலும் முதலிடம், டிஃபென்ஸிலும் முதலிடம். பிளே-ஆஃபுக்கே போகவில்லை. உங்கள் நோட்டு அன்றைக்கு இருந்திருந்தால் செப்டம்பரிலேயே சொல்லியிருக்கும்.

பிசாச்சியா வந்தபின் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அவருடைய பழைய அணியிலிருந்து கீஷான் நிக்ஸன் என்ற கார்னர்பேக்கும் வந்திருந்தார். பாதி சீசனில் கிக்ஆஃப் பிடிக்கும் வேலை நிக்ஸன் கைக்கு வந்தது. 2023 ஜனவரி 1-ல் மினசோட்டாவுக்கு எதிராக 105 கெஜம் ஓடி டச்டவுன் போட்டார். மாப்பிள்ளை வீடியோ காலில் அழுதார்.

நீங்களே நம்மூர்க் கால்பந்து அணி ஒன்றுக்குப் பயிற்சி கொடுப்பவராக இருந்தால், கார்னர், ஃப்ரீ கிக், த்ரோ-இன் எல்லாவற்றையும் இருட்டுகிற நேரத்துக்குத் தள்ளாதீர்கள். கால் புதிதாக இருக்கும்போதே முதல் பதினைந்து நிமிஷம் கொடுங்கள். பெஞ்சில் இருக்கும் பிள்ளைக்கும் பெயர் சொல்லி ஒரு வேலை வையுங்கள். நான் இதைப் பட்டுத்தான் கற்றேன். மண்டல அளவுப் போட்டி ஒன்றில் மூக்கில் ரத்தம் வந்த பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு, மாற்று ஆளை இறக்காமல் ரெஃப்ரியிடம் வேறு எதற்கோ வாதாடிக்கொண்டிருந்தேன். எதிரணி கார்னர் அடித்தது. பக்கத்துக் கம்பத்தில் நிற்க வேண்டியவள்தான் குழாயடியில் மூக்கைக் கழுவிக்கொண்டிருந்தாள். எங்களில் 10 பேர். ஒரு கோல், அதோடு வீட்டுக்கு வந்தோம்.

அடுத்த வருஷம், ஒரு ஆட்டத்திலும் இறங்காத ஒன்பதாம் வகுப்புப் பெண்ணிடம் எண்ணுகிற வேலையைக் கொடுத்தேன். ஒவ்வொரு கார்னருக்கும் கோட்டோரத்தில் நின்று, "பதினொண்ணு இருக்கு டீச்சர்!" என்று தொண்டை கிழியக் கத்துவாள். தங்கள் பிள்ளைகளின் கவனம் சிதறுகிறது என்று எதிரணி மாஸ்டர் ரெஃப்ரியிடம் புகார் சொன்னார். ரெஃப்ரி விசிலை வாயில் வைத்தவர், ஒரு நிமிஷம் நின்று, எங்கள் பக்கம் தானும் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு ஊதினார்.