விம்பிள்டன் ஆட்டமும் லண்டன் நகரமும்: ஒரே பச்சை ரயில் பாதையில் இரண்டையும் பார்ப்பது எப்படி?

விம்பிள்டன் டென்னிஸ் பார்க்க முதல்முறை லண்டன் போகிறவர்கள் ஆட்டத்துக்கு ஒரு திட்டம், ஊர் சுற்ற ஒரு திட்டம் என்று தனித்தனியாகப் போட்டுக்கொள்கிறார்கள். அங்கே போனதும் இரண்டும் முட்டிக்கொள்கின்றன. காலையில் லண்டன் கோட்டை (டவர் ஆஃப் லண்டன்), மதியம் டென்னிஸ் என்று எழுதி வைத்த நாளில் இரண்டுமே அரைகுறையாகத்தான் முடியும்.

லண்டன் டியூப் (சுரங்க ரயில்) வரைபடத்தில் பச்சை நிறத்தில் ஓடும் டிஸ்ட்ரிக்ட் லைனைப் பாருங்கள். அதன் ஒரு கிளையின் முனை விம்பிள்டன். அங்கிருந்து உள்ளே வரவர ஏர்ல்ஸ் கோர்ட், வெஸ்ட்மின்ஸ்டர், எம்பேங்க்மென்ட், பிளாக்ஃப்ரையர்ஸ், மானுமென்ட், டவர் ஹில் என்று பழைய லண்டனின் முக்கிய இடங்கள் வரிசையாக வருகின்றன. இந்த ஒரு பாதையை வைத்துக்கொண்டே முழுப் பயணத்தையும் போட்டுவிடலாம். புதிதாகப் போகிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை என்பது என் எண்ணம்.

படி 1: முன்கூட்டியே செய்ய வேண்டியவை

போட்டி ஜூன் கடைசியில் அல்லது ஜூலை தொடக்கத்தில் தொடங்கி ஜூலை நடுப்பகுதி வரை 14 நாள் நடக்கும். டிக்கெட்டுக்கு முதல் வழி குலுக்கல். முந்தைய ஆண்டு செப்டம்பர் வாக்கிலேயே விம்பிள்டன் இணையதளத்தில் கணக்குத் தொடங்கிப் பெயர் கொடுக்க வேண்டும். எந்த நாள், எந்த கோர்ட் என்று நாம் கேட்க முடியாது. விழுந்ததை எடுத்துக்கொள்ளலாம், அல்லது விட்டுவிடலாம். அந்த டிக்கெட்டை வேறொருவர் பெயருக்கு மாற்றவும் முடியாது. அதனால் வெளியே யாராவது டிக்கெட் விற்கிறேன் என்று வந்தால் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

குலுக்கலில் விழவில்லை என்றாலும் பயணத்தைக் கைவிட வேண்டாம். அன்றன்றைக்கு வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி உள்ளே போகும் வழக்கம் அங்கே இன்னும் இருக்கிறது. அதைப் படி 3-இல் விரிவாகச் சொல்கிறேன்.

விசாவுக்குப் பயணத் தேதிக்கு 3 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கோடைக்காலம் கூட்டமான பருவம், கடைசி வாரம் வரை தள்ளிப் போடாதீர்கள்.

படி 2: தங்குமிடமும் ரயிலும்

மைதானத்துக்குப் பக்கத்திலேயே அறை தேடுவது புதியவர்கள் எல்லாருக்கும் முதலில் தோன்றும் யோசனை. அந்த இரண்டு வாரமும் அங்கே வாடகை ஏறிக் கிடக்கும். ஊரின் பழைய பகுதியும் தூரம். நான் சொல்வது ஏர்ல்ஸ் கோர்ட். விடுதிகள் நிறைய உண்டு, பச்சைப் பாதையின் கிளைகள் கூடும் சந்திப்பு அது. ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து வரும் பிக்கடில்லி லைனும் அங்கே நிற்கும். பெட்டியோடு ரயில் மாறி அலைய வேண்டாம்.

ஏர்ல்ஸ் கோர்ட்டில் ஒன்றைக் கவனியுங்கள். அங்கிருந்து மேற்கே போகும் டிஸ்ட்ரிக்ட் ரயில்கள் விம்பிள்டன், ரிச்மண்ட், ஈலிங் பிராட்வே என்று பிரிந்துவிடும். அடுத்து வரும் ரயில் எந்த ஊருக்கு என்பதைப் பிளாட்பாரப் பலகையில் பாருங்கள். ‘விம்பிள்டன்’ என்று இருந்தால் மட்டும் ஏறுங்கள். ஆனால் இறங்க வேண்டியது விம்பிள்டன் ஸ்டேஷன் இல்லை, அதற்கு முன்னாலேயே வரும் சவுத்ஃபீல்ட்ஸ். மைதானத்துக்கு அங்கிருந்து நடை சுமார் 15 நிமிடம். வரிசை நிற்கும் பூங்கா அதைவிடப் பக்கம்.

ரயிலுக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. காண்டாக்ட்லெஸ் வங்கி அட்டை அல்லது போனை வாசலில் தட்டி உள்ளே போங்கள், வெளியே வரும்போதும் தட்டுங்கள். ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும். ஒரே அட்டையில் இரண்டு பேர் போக முடியாது. போகும்போது அட்டை, வரும்போது போன் என்றும் மாற்றாதீர்கள், கணக்கு பிசகும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு இருக்கிறது, அதைத் தாண்டினால் பணம் பிடிப்பது தானாகவே நின்றுவிடும். வார நாட்களில் காலை 6.30 முதல் 9.30 வரையும் மாலை 4 முதல் 7 வரையும் கட்டணம் கூடுதல். பேருந்தில் ஏறும்போது மட்டும் தட்டினால் போதும். ரொக்கம் வாங்க மாட்டார்கள்.

படி 3: வரிசையில் நிற்பது

பயணத்தின் சுவையான பகுதி இதுதான். அவசரப்படாமல் படியுங்கள்.

விம்பிள்டன் பூங்காவின் புல்வெளியில் வரிசை தொடங்கும். கடைசியில் போய் நின்றதும் பணியாளர் ஒருவர் தேதியும் எண்ணும் அச்சிட்ட வரிசை அட்டையைக் கையில் கொடுப்பார். உள்ளே போகும் வரை அதைத் தொலைக்கக் கூடாது. அது உங்களுக்கு மட்டும்தான். பின்னால் வரும் நண்பருக்கு இடம் பிடித்து வைக்க முடியாது. கழிப்பறை, காப்பி என்று வெளியே போகலாம், அரை மணி நேரத்துக்கு மேல் ஆகக் கூடாது.

அட்டையில் உள்ள எண்ணை வைத்தே உங்கள் நாள் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுவிடலாம். முதன்மை அரங்கான சென்டர் கோர்ட், 1-ஆம் கோர்ட், 2-ஆம் கோர்ட் ஒவ்வொன்றுக்கும் சுமார் 500 இடங்களை வரிசையில் நிற்பவர்களுக்கென்று ஒதுக்குகிறார்கள். கடைசி நான்கு நாள் சென்டர் கோர்ட்டுக்கு மட்டும் இது கிடையாது. ஆக, எண் 500-க்குள் என்றால் சென்டர் கோர்ட் கிடைக்க நல்ல வாய்ப்பு. 1,500-க்குள் என்றால் மூன்றில் ஏதாவது ஒன்று கிடைக்கலாம். அதற்குமேல் போனால் சின்ன கோர்ட்டுகளில் மட்டும் பார்க்க உதவும் கிரவுண்ட் பாஸ். பெரிய கோர்ட் டிக்கெட் கிடைப்பவர்களுக்கு விடியற்காலையிலேயே கையில் பட்டை கட்டிவிடுவார்கள்.

சென்டர் கோர்ட்தான் வேண்டும் என்றால் முந்தைய நாளே வந்து இரவு கூடாரத்தில் தங்க வேண்டும். இரண்டு பேர் கூடாரம் வரை அனுமதி, அடுப்பு மூட்டக் கூடாது. விடியும்போது எழுப்பிக் கூடாரத்தைக் கழற்றச் சொல்வார்கள். மூட்டையை அங்கேயே கட்டணம் கொடுத்து வைத்துவிட்டுப் போகலாம். ஜூலையிலும் புல்வெளியில் இரவு குளிரும், கம்பளி அவசியம்.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இரவுக் கூடாரம் அல்ல, முதல் வாரத்தின் ஒரு வார நாளும் கிரவுண்ட் பாஸும். காலை முதல் ரயில்களில் ஒன்றைப் பிடித்துவிடுங்கள். 2024-இல் முதல் வாரப் பாஸின் விலை 30 பவுண்டு. அதைக் கொண்டு 3 முதல் 18 வரையிலான கோர்ட்டுகளில் இடம் இருக்கும் இடத்தில் உட்காரலாம். உலகத் தரவரிசையில் முதல் 50-க்குள் இருப்பவர் அடிக்கும் சர்வீஸின் ஓசையைச் சில அடி தூரத்திலிருந்து கேட்கலாம். பெரிய கோர்ட்டின் மேல்வரிசையில் அது கிடைக்காது. 18-ஆம் கோர்ட்டில் கொஞ்ச நேரமாவது உட்காருங்கள். 2010-இல் அமெரிக்காவின் ஜான் இஸ்னரும் பிரான்ஸின் நிக்கோலா மஹுவும் 3 நாளாக 11 மணி 5 நிமிடம் ஆடியது அங்கேதான். கடைசி செட் 70-68.

சின்ன கோர்ட்டுகளில் ஆட்டம் 11 மணிக்கு, 1-ஆம் கோர்ட்டில் 1 மணிக்கு, சென்டர் கோர்ட்டில் 1.30-க்குத் தொடங்கும். மதியம் 3 மணிக்குமேல் இன்னொரு வாய்ப்பு வரும். பெரிய கோர்ட்டிலிருந்து கிளம்பிப் போகிறவர்களின் இடங்களை மறுவிற்பனைக்கு விடுவார்கள். விம்பிள்டன் செயலியில் பெயர் பதிந்து உங்கள் முறைக்குக் காத்திருக்க வேண்டும். சமீப ஆண்டுகளில் சென்டர் கோர்ட்டுக்கு 15 பவுண்டு, மற்றவற்றுக்கு 10. அந்தப் பணம் அறக்கொடைக்குப் போகிறது. காலையில் கிரவுண்ட் பாஸோடு உள்ளே போய், மாலையில் சென்டர் கோர்ட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் தினமும் உண்டு.

பை ஆளுக்கு ஒன்று, 40×30×30 செ.மீ.க்குள் இருக்கட்டும். சாப்பாடு வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போகலாம். உள்ளே அட்டைதான் செல்லும், ரொக்கம் செல்லாது. மழை வந்தால் கூரை மூடுவது சென்டர் கோர்ட்டிலும் 1-ஆம் கோர்ட்டிலும் மட்டுமே. மழைச் சட்டையை மறக்காதீர்கள்.

தமிழர்களுக்கு இந்தப் புல்தரையோடு தனிப் பாசம் உண்டு. ராமநாதன் கிருஷ்ணன் 1954-இல் இங்கே ஜூனியர் பட்டம் வென்றார், 1960, 1961 இரண்டு ஆண்டும் அரையிறுதி வரை போனார். அவர் மகன் ரமேஷ் 1979-இல் அதே ஜூனியர் பட்டத்தை வென்றார். இதைத் தெரிந்துகொண்டு அந்தப் புல்லைப் பார்ப்பது வேறு மாதிரி இருக்கும்.

படி 4: கோட்டை நாள்

ஆட்டம் பார்த்த மறுநாள் டென்னிஸை மறந்துவிடுங்கள். அதே பச்சை ரயிலில் ஏறி டவர் ஹில்லில் இறங்குங்கள். 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம் கட்டத் தொடங்கிய கோட்டை எதிரிலேயே நிற்கும். டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுத்துவிட்டு, கதவு திறக்கும் நேரத்துக்குப் போங்கள். உள்ளே போனதும் முதலில் அரச நகைகள். கூட்டம் சேர்ந்துவிட்டால் நெடுநேரம் நிற்க வேண்டிவரும். கிரீடங்களுக்கு முன்னால் நகரும் நடைபாதை போட்டிருக்கிறார்கள். ஒருமுறை பார்த்தது போதாது என்றால் சுற்றி வந்து மறுபடியும் ஏறிக்கொள்ளலாம். கோஹினூர் அங்கேதான் இருக்கிறது. பிறகு கோட்டைக் காவலர்கள் நடத்தும் சுற்றில் சேர்ந்துகொள்ளுங்கள், தனிக் கட்டணம் இல்லை. ஒவ்வொருவரும் குறைந்தது 22 ஆண்டு படையில் இருந்தவர்கள், கதை சொல்வதில் கெட்டிக்காரர்கள்.

மதியத்துக்குமேல் டவர் பிரிட்ஜைக் கடந்து தெற்குக் கரையில் மேற்கே நடந்தால் பரோ மார்க்கெட் வரும் (திங்கட்கிழமை போகாதீர்கள்). அங்கே சாப்பிட்டுவிட்டு ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்காக மறுபடி எழுப்பிய குளோப் அரங்கைத் தாண்டினால் மில்லேனியம் நடைபாலம். பாலத்தில் ஏறியதும் நேர் எதிரே செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாடம் தெரியும். அங்கிருந்து பிளாக்ஃப்ரையர்ஸ் ஸ்டேஷன் பக்கம்தான்.

படி 5: வெஸ்ட்மின்ஸ்டரும் அமராவதியும்

வெஸ்ட்மின்ஸ்டர் ஆபி தேவாலயத்தில் 1066 முதல் முடிசூட்டு விழாக்கள் நடக்கின்றன. முடிசூட்டு நாற்காலியை நெருங்கிப் பாருங்கள். பழைய காலத்துப் பள்ளிப் பையன்களும் பார்வையாளர்களும் தங்கள் பெயரைக் கத்தியால் செதுக்கியிருக்கிறார்கள். அந்தக் கீறல்கள் அப்படியே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கு மட்டும் திறப்பார்கள்.

வெள்ளிக்கிழமை மாலையைப் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். எம்பேங்க்மென்ட்டில் கறுப்பு நிற நார்தர்ன் லைனுக்கு மாறி டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் இறங்க வேண்டும். அனுமதி இலவசம், அன்று இரவு 8.30 வரை திறந்திருக்கும். எல்லாரும் ரொசெட்டா கல்லைச் சுற்றி நிற்பார்கள். அதைப் பார்த்துவிட்டு 33ஏ அறைக்குப் போங்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஆந்திராவின் அமராவதி பௌத்த ஸ்தூபியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் இருக்கின்றன. இதே ஸ்தூபியின் மற்ற கற்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. எழும்பூரில் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இந்த அறையை விட்டு நகர மனம் வராது.

படி 6: மிச்ச நேரம்

ஜூலை தொடக்கத்தில் சூரியன் மறைய இரவு 9.15 தாண்டிவிடும். மழையால் ஆட்டம் கெட்ட நாளில்கூடச் சாயங்காலத்தில் தேம்ஸ் கரையில் இரண்டு மணி நேரம் நடக்க வெளிச்சம் இருக்கும். கிரவுண்ட் பாஸ் இன்னொருமுறை வேண்டும் என்று தோன்றினால் மாலை 5 மணி வாக்கில் போய்ப் பாருங்கள். காலையில் வந்தவர்கள் கிளம்பும் நேரம் அது, வரிசையும் வேகமாக நகரும்.

புறப்படும் நாளில் காலை நேரம் மிஞ்சினால், ஏர்ல்ஸ் கோர்ட்டிலிருந்து பச்சைப் பாதையின் ரிச்மண்ட் கிளையில் கியூ கார்டன்ஸ் போய்வரலாம். பெட்டியை விடுதியில் வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து எடுத்துக்கொண்டு, அதே ஸ்டேஷனில் பிக்கடில்லி லைனைப் பிடித்தால் நேராக ஹீத்ரோ. அந்த ரயில்களும் எல்லாமே ஹீத்ரோ போவதில்லை, முகப்பில் பெயரைப் பார்த்து ஏறுங்கள்.