வீட்டு மீடியா சர்வர்: டாக்கரில் எங்கே சறுக்குகிறார்கள்?

பழைய கணினியில் லினக்ஸ் போட்டு, டாக்கரில் (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) ஜெல்லிஃபினை (நம்மிடம் உள்ள படங்களை டிவியிலும் போனிலும் பார்க்க உதவும் மீடியா சர்வர்) ஓட்டுவது பெரிய வேலை இல்லை. எங்கிருந்தோ ஒரு காம்போஸ் கோப்பை (கன்டெய்னருக்கான அமைப்புகளை எழுதும் கோப்பு) எடுத்து ஒட்டினால் பிரவுசரில் 8096 போர்ட்டில் ஜெல்லிஃபின் திரை வந்துவிடும். வில்லங்கம் அதற்குப் பிறகுதான். அதுவும் பெரும்பாலும் ஜெல்லிஃபினில் இல்லை, ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும்.

யுஎஸ்பி டிஸ்க்கில் படங்கள் இருக்கின்றன என்று வையுங்கள். கரண்ட் போய் வந்ததும் கணினி தானாக எழுகிறது, டிஸ்க் மட்டும் மவுன்ட் ஆகவில்லை, அதாவது அதற்கென்று வைத்த ஃபோல்டரோடு இணையவில்லை. டாக்கர் அதைப் பற்றிக் கவலைப்படாது. மவுன்ட் செய்யும் இடத்தில் இருக்கும் காலி ஃபோல்டரையே கன்டெய்னருக்குக் கொடுத்துவிடும். அப்போது புதுப் படங்களை நகல் எடுத்தால் அவை சிஸ்டம் இருக்கும் சின்ன எஸ்எஸ்டியில் போய் விழும். பிறகு டிஸ்க்கை மவுன்ட் செய்தால் அந்தப் படங்கள் கண்ணுக்குத் தெரியாது, இடம் மட்டும் நிறைந்திருக்கும். டிஸ்க் வந்த பிறகும் கன்டெய்னர் பழைய காலி ஃபோல்டரைத்தான் பார்க்கும். ரீஸ்டார்ட் செய்தால்தான் சரியாகும்.

இதைத் தவிர்க்க, எந்த டிஸ்க்கை எங்கே மவுன்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் எஸ்டிபி1 (sdb1) போன்ற பெயரை எழுதாமல், டிஸ்க்கின் நிரந்தர அடையாள எண்ணான யுயுஐடியை (UUID) எழுதுங்கள்; அந்தப் பெயர்கள் மாறக்கூடியவை. காம்போஸில் டிஸ்க்குக்கு உள்ளே இருக்கும் ஒரு ஃபோல்டரைக் கொடுத்து, 'கிரியேட் ஹோஸ்ட் பாத்' (create_host_path) அமைப்பை ஃபால்ஸ் என்று வையுங்கள். டிஸ்க் இல்லாவிட்டால் கன்டெய்னர் எழாமல் பிழை காட்டும். அதுதான் நமக்கு வேண்டியது.

அடுத்தது பெர்மிஷன். படம் தெரியவில்லை என்றதும் எல்லாவற்றுக்கும் 777 (யாரும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்ற அனுமதி) போடுவது நம்மில் பலருக்குக் கைப்பழக்கம். விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் வடிவ டிஸ்க்கில் அது பெரும்பாலும் பலிக்கவும் செய்யாது. மவுன்ட் செய்யும்போதே யூசர் எண்ணையும் குரூப் எண்ணையும் கொடுக்க வேண்டும். இன்னொன்று: காம்போஸில் யூசர், குரூப் எண்களைச் சொல்லும் பியூஐடி (PUID), பிஜிஐடி (PGID) என்ற வரிகள் லினக்ஸ்சர்வர் என்ற குழு வெளியிடும் இமேஜுக்கானவை (இமேஜ் என்பது கன்டெய்னரை உருவாக்க உதவும் தொகுப்பு). ஜெல்லிஃபினின் அதிகாரபூர்வ இமேஜில் அவற்றுக்கு வேலை இல்லை. அதில் 'யூசர்' வரிதான் பேசும். படங்கள் இருக்கும் ஃபோல்டரைப் படிக்க மட்டும் அனுமதித்தால் போதும்.

டிரான்ஸ்கோடிங்குக்கு (பார்க்கும் கருவிக்கு ஏற்ப வீடியோவை உடனுக்குடன் மாற்றுவது) இன்டெல் கிராஃபிக்ஸை நம்பினால், அந்த டிவைஸையும் அதைப் பயன்படுத்த அனுமதி உள்ள ரெண்டர் குரூப்பின் எண்ணையும் கன்டெய்னருக்குக் கொடுக்க வேண்டும். ராஸ்பெர்ரி பை 5 என்ற சின்னக் கணினியில் இந்த வேலைக்கான ஹார்ட்வேர் வீடியோ என்கோடரே கிடையாது, அங்கே வீணாக மல்லுக்கட்ட வேண்டாம்.

யுஎஃப்டபிள்யூ (UFW) என்ற லினக்ஸ் ஃபயர்வாலில் 8096ஐ மூடிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. டாக்கர் தான் திறக்கும் போர்ட்டுகளுக்கென்று தனி ஐபிடேபிள்ஸ் (லினக்ஸின் அடிப்படை ஃபயர்வால்) விதிகளைப் போட்டுக்கொள்ளும், யுஎஃப்டபிள்யூவின் தடை அங்கே செல்லாது. வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமா? ரவுட்டரில் போர்ட்டைத் திறக்காமல் வயர்கார்டு அல்லது டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் வழியாக வாருங்கள்.

அப்புறம் காம்போஸில் இமேஜ் பெயரோடு எழுதும் அந்த 'லேட்டஸ்ட்' டேக். அது எப்போதும் புதுப் பதிப்பையே இழுக்கும். 10.11 பதிப்பில் ஜெல்லிஃபின் தன் டேட்டாபேஸ் அமைப்பையே மாற்றியது. அப்படி ஏறிய பிறகு பழைய பதிப்பை வைத்து அதே டேட்டாபேஸைத் திறக்க முடியாது. பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். ஏற்றுவதற்கு முன் கன்டெய்னரை நிறுத்திவிட்டு கான்ஃபிக் ஃபோல்டரை நகல் எடுங்கள். ஜெல்லிஃபினின் டேட்டாபேஸ் எஸ்கியூலைட் (SQLite) வகை; ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த அதன் நகல் சமயத்தில் திறக்காது.