வீட்டுக்கு வந்த பெட்டைக்குட்டிக்கு ஒரு புராணப் பெயர்

நாகர்கோவிலில் ஒரு நாய் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பதும் தடுப்பூசி அட்டை எழுதுவதும் என் வேலை. அட்டையில் முதல் வரியே பெயர்தான். ஆண் குட்டி என்றால் டைகர், மணி என்று ஏதாவது ஒன்றோடுதான் வந்து சேரும். பெட்டைக்குட்டிக்கு அந்த யோகம் குறைவு. மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் கேட்டால், "பேரு ஒண்ணும் இடல்ல அக்கா, பட்டின்னுதான் விளிப்போம்" என்பார்கள். பட்டி என்றால் அந்தப் பக்கத்துப் பேச்சில் நாய். இப்போதாவது ஒரு பெயர் சொல்லுங்கள், நல்ல புராணப் பெயராகச் சொல்லுங்கள் என்றால் சட்டென்று வருவது லட்சுமி. அந்த இடத்தில் நான் பேனாவை மூடிவிடுவேன்.

விளக்கு வைத்துக் கும்பிடுகிற பெயர் நாய்க்கு வேண்டாம். கதைக்குள் வந்து ஒரு நல்ல காரியமோ பெரிய வம்போ செய்துவிட்டுப் போன பெண்ணின் பெயராக எடுங்கள். பக்திக்காக மட்டும் சொல்லவில்லை. "லட்சுமி, உள்ளே வாங்க" என்று கூப்பிட்டால் நாயோடு சேர்ந்து இரண்டு அம்மாமாரும் எழுந்து நிற்பார்கள். ஒருத்தர் சிரிப்பார், இன்னொருத்தர் முறைப்பார். பகவதி, இசக்கி என்றால் பேச்சே வேண்டாம். முப்பந்தலுக்குப் பொங்கலிடப் போகிற குடும்பத்தில் அத்தைக்கோ ஆச்சிக்கோ அந்தப் பெயர் இருக்கும். "இசக்கி, செருப்பைக் கடிக்காதே" என்று நீங்கள் முற்றத்தில் நின்று கத்துவது அவர்கள் காதில் எப்படி விழும்? கோயிலும் குருசடியும் பள்ளிவாசலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற ஊர் இது. யாரும் கையெடுத்துக் கும்பிடுகிற பெயரையும் தெருவில் வைத்து அதட்ட வேண்டாம்.

அப்படியென்றால் முதலில் சரமா. இந்திரனின் பெட்டை நாய் அவள். பணிகள் என்கிற கூட்டம் பசுக்களைத் திருடி ஒளித்து வைத்தபோது, ரசை என்ற ஆற்றைத் தாண்டிப் போய் அவற்றைக் கண்டுபிடித்தாள். ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் ஒரு பாட்டு முழுக்க அவளும் பணிகளும் பேசிக்கொள்வதுதான். "எங்களோடு இருந்துவிடு, தங்கச்சியாக வைத்துக்கொள்கிறோம், பசுவிலும் பங்கு தருகிறோம்" என்கிறார்கள். அண்ணன் தங்கச்சி உறவெல்லாம் எனக்குத் தெரியாது, மாட்டை விட்டுவிட்டு ஓடுங்கள் என்கிறாள். பிஸ்கட்டைக் காட்டினால் திருடனுக்கும் வாலாட்டும் ரகம் இல்லை! பின்னால் வந்த கதைகளில் அவள் பாலைக் குடித்துவிட்டுப் பொய் சொன்னதாகவும், இந்திரனிடம் உதை வாங்கியதாகவும் மாற்றிவிட்டார்கள். நான் பழைய பாட்டின் கட்சி.

மகாபாரதத்தில் ஆதி பருவத்தின் தொடக்கத்திலும் சரமா வருகிறாள். ஜனமேஜயன் வேள்வி செய்கிற இடத்துக்கு அவள் குட்டி போகிறது. வேள்வியில் படைக்கிற அவிசை நக்கவில்லை, அதன் பக்கம் பார்க்கக்கூட இல்லை. ஆனாலும் ராஜாவின் தம்பிமார் அதை அடித்து விரட்டுகிறார்கள். குட்டி அழுதுகொண்டு அம்மையிடம் போய்ச் சொல்ல, சரமா நேரே வேள்விச் சாலைக்கு வந்து, என் பிள்ளை என்ன தப்புச் செய்தது என்று கேட்கிறாள். யாரும் வாய் திறக்கவில்லை. எதிர்பாராத நேரத்தில் உனக்குப் பயம் வந்து சேரும் என்று ராஜாவைச் சபித்துவிட்டுப் போகிறாள். பெட்டைக்குட்டி என்றாலே முகம் சுளித்து ஆண் குட்டி இருக்கிறதா என்று கேட்கிறவர்களுக்கு இந்தக் கதையை நான் கட்டாயம் சொல்வேன்.

இந்தப் பெயர் யாருக்குப் பொருந்தும் என்று கேட்டால் ஒரு அடையாளம் சொல்கிறேன். குட்டியின் முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கறுப்பு முகத்தில் ஒவ்வொரு கண்ணுக்கும் மேலே சந்தனப் பொட்டு மாதிரி ஒரு மஞ்சள் புள்ளி இருந்தால், தூங்கும்போதும் அது முழித்துக்கொண்டே இருப்பதாகத் தோன்றும். கறுப்புக் கன்னி நாய்களிடம் இது உண்டு, ராட்வைலரிடம் உண்டு, நாட்டு நாயிலும் நிறையப் பார்க்கலாம். எமனுக்குக் காவல் நிற்கும் சியாமன், சபலன் என்ற இரண்டு நாய்களையும் வேதம் நாலு கண் நாய்கள் என்றுதான் சொல்கிறது. அந்த இரண்டுக்கும் அம்மை சரமா. நாலு கண் குட்டிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

அடுத்து என் கைவசம் இருப்பது தாரா, வாலியின் மனைவி தாரை. அடி வாங்கி ஓடிய சுக்ரீவன் திரும்ப வந்து சண்டைக்குக் கூப்பிடுகிறான் என்றால் பின்னால் ராமன் இருக்கிறான், வெளியே போகாதே என்று முன்கூட்டியே சொன்னவள். வாலி கேட்கவில்லை. ராத்திரி வாசல் கேட் பக்கம் நின்று குரைக்கிற நாயை "சும்மா கிட" என்று அதட்டிவிட்டு, காலையில் வாழைக்குலை போனதைப் பார்க்கிற ஆண்களை எனக்குத் தெரியும். தாரா என்பது இரண்டே அசை, கடைசியில் வாய் நன்றாகத் திறக்கும், விளைத் தோட்டத்தின் மறுகோடிவரை கேட்கும்.

சடை தொங்கும் லாசா, ஷீட்சு வகைக் குட்டிகளுக்குத் திரிசடை. அசோகவனத்துக் காவலில் சீதைக்கு ஆறுதலாக இருந்தவள்; கம்பர் அவளை விபீஷணனின் மகள் என்கிறார். வீட்டில் "திரி" என்று சுருக்கிக்கொள்ளலாம்.

இனி நம்ம மாவட்டத்துக்கே உரிய ஒன்று, காந்தாரி. திருதராஷ்டிரனின் மனைவி, கண்ணைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தவள் என்பது மகாபாரதம். இங்கே யாருக்கும் காந்தாரி என்றதும் நாக்குதான் எரியும்: மரச்சீனிக் கிழங்குக்குத் தொட்டுக்கொள்ள அம்மியில் சதைக்கிற குட்டி மிளகாய். முழங்கால் உயரம்கூட இல்லாமல் தபால்காரரை மதிலோரம் ஒதுங்க வைக்கிற பொமரேனியனுக்கு வேறு பெயர் தேடுவது வீண் வேலை.

பெரிய உருவம் என்றால் தாடகை. பூதப்பாண்டிப் பக்கம் போனால் தாடகை மலையைப் பார்க்கலாம். ஒரு பெண் மல்லாந்து படுத்திருப்பது போன்ற மேடும் பள்ளமும். அரக்கி என்று தயங்காதீர்கள். அவள் பிறப்பில் யட்சப் பெண், சுகேதுவின் மகள், ஆயிரம் யானை பலம் வரமாகப் பெற்றவள். சாபத்தால்தான் அரக்கியானாள். கேட்டில் "தாடகை இருக்கிறாள்" என்று எழுதி மாட்டினால் வேறு எச்சரிக்கைப் பலகை தேவையில்லை. பெண் மாஸ்டிஃபுக்கு இடும்பியும் நல்ல பெயர்தான், பீமனையே விரும்பிக் கட்டியவள்.

தீராத தீனிக்காரியான லேப்ரடார்களுக்கு மணிமேகலைக் கதையில் ஒரு ஆள் இருக்கிறாள். ஒரு முனிவர் வைத்திருந்த நாவல் பழத்தை மிதித்து, பன்னிரண்டு வருஷம் அடங்காத பசிக்குச் சாபம் வாங்கிய காயசண்டிகை. யானைத்தீ என்று அந்தப் பசிக்குப் பெயர். மணிமேகலை அமுதசுரபியிலிருந்து சோறு போட்ட பிறகுதான் அது தணிந்தது. அட்டையில் காயசண்டிகை, வாயில் சண்டி. சொல்பேச்சுக் கேட்காத நாளில் அந்தப் பெயர் இன்னும் பொருந்தும். கொளச்சல், முட்டம் போன்ற கடற்கரை வீடுகளுக்கு மேகலா என்று சிபாரிசு செய்வேன். கோவலனின் முன்னோர் ஒருவரைக் கப்பல் உடைந்தபோது காப்பாற்றிய கடல் தெய்வம் மணிமேகலா. அந்த நன்றிக்குத்தான் கோவலன் மகளுக்கு அந்தப் பெயர்.

பார்வோ காய்ச்சலில் விழுந்து, டிரிப் ஏற்றி, ஒரு வழியாகத் தேறி எழுந்த குட்டி ஒன்றுக்குச் சஞ்சீவி என்று நானே பெயர் எழுதியிருக்கிறேன். அதன் வீடு பொற்றையடி. வாசலில் நின்றால் மருந்துவாழ் மலை தெரியும்; அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்று சொல்கிற மலை.

நீலி என்ற பெயரைக் கேட்டு வருகிறவர்களும் உண்டு. சாப்பாட்டு நேரத்தில் கண்ணீர் முட்ட உட்கார்ந்திருக்கும் நாய்க்கு வேறென்ன வைப்பது என்பார்கள். ஆனால் கள்ளியங்காட்டு நீலி கதை கேட்டு வளர்ந்த ஆச்சி வீட்டில் இருந்தால், அந்திக்கு மேல் நீங்கள் வெளியே நின்று அந்தப் பெயரைக் கூப்பிட விடமாட்டார். வீட்டுக்குள் செல்லமாக வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

சாமி பெயரை விடவே மனசில்லை என்றால் கதையில் இருக்கிற பொருளை எடுங்கள். வள்ளிக்குப் பதில் அவள் காவல் காத்த தினை. வேளிமலைக்குப் போய்வந்த குடும்பம் ஒன்று அப்படித்தான் வைத்தது. கண்ணகிக்குப் பதில் சிலம்பு. கழுத்தில் சலங்கை கட்டுகிறவர்களுக்கு அது இரட்டை லாபம்.

வெளிநாட்டுப் புராணத்திலும் தேடலாம், ஆனால் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கிரேக்கக் கதையில் மைரா என்றொரு விசுவாசமான பெட்டை நாய் உண்டு. கொல்லப்பட்ட எஜமானன் கிடக்கும் இடத்தை அவன் மகளுக்குக் காட்டிக்கொடுத்தது; பிறகு வானத்தில் நட்சத்திரமாகிவிட்டது. அருமையான கதைதான். ஆனால் நம்ம தெருவில் நின்று அந்தப் பெயரை உரக்கக் கூப்பிட்டால், எதிரே சைக்கிளில் வருகிறவர் இறங்கி வந்து சண்டை போடுவார். ஃப்ரேயா அழகான பெயர். ஆனால் அந்த நார்ஸ் தேவியின் தேரை இழுப்பவை பூனைகள், உங்கள் நாய் சம்மதிக்குமா பாருங்கள். வேட்டை நாய்களோடு திரியும் ரோமானியத் தேவி டயானா கச்சிதம்தான், ஆனால் நம்ம ஊரில் ஏற்கெனவே நிறைய டயானாக்கள் இருக்கிறார்கள், மனிதர்களிலும் சேர்த்து. எந்த மூடியையும் திறந்துவிடும் குட்டிக்கு, கிரேக்கக் கதையில் திறக்கக் கூடாத ஜாடியைத் திறந்த பண்டோரா.

பெயரின் சத்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மூன்று அசை போதும். நீங்கள் தினம் சொல்லும் கட்டளையோடு பெயர் மோதக் கூடாது. வாணி என்று வைத்துவிட்டு "வாணி, இரு" என்றால் அது பாதி எழுந்து பாதி உட்காரும். போ என்று தொடங்கும் பெயரும் அப்படித்தான். சீதா என்பது எங்கள் வீட்டுத் திட்டான "ச்சீ"யில் ஆரம்பிக்கிறது. நாய் பம்மிக்கொண்டேதான் வரும். வீட்டில் இரண்டு பெட்டை இருந்தால் ரதி, மதி என்று எதுகையாக வைக்காதீர்கள், கூப்பிட்டால் இரண்டுமே வரும், இல்லையென்றால் இரண்டுமே வராது.

முடிவு செய்யுமுன் சாயந்தரம் வெளியே வந்து, அந்தப் பெயரை முழுக் குரலில் கூப்பிட்டுப் பாருங்கள். கூச்சமாக இருந்தால் அந்தப் பெயர் வேண்டாம். பக்கத்து வீட்டு மைனி எட்டிப் பார்த்து "என்னையா விளிச்சீங்க?" என்று கேட்டாலும் வேண்டாம்.

வளர்ந்த நாயைத் தத்தெடுத்தவர்கள் பழைய பெயரின் முதல் சத்தத்தை விடாமல் மாற்றுங்கள். ரோஸியாக வந்தவள் ரோகிணியாகலாம். சந்திரனின் 27 மனைவியரில் அவனுக்குப் பிடித்தவள். பெயரைச் சொன்னதும் ஒரு துண்டு முள்ளெடுத்த அவித்த சாளை மீன் கொடுங்கள், சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். திட்டும்போது பெயரைச் சொல்லாதீர்கள். அம்மை ஒன்று, பிள்ளைகள் ஒன்று, அப்பா ஒன்று என்று ஆளுக்கொரு பெயர் கூப்பிடுகிற வீட்டு நாய் யார் கூப்பிட்டாலும் திரும்பாது.

வெறிநோய் ஊசி முதல் தடவை போடுவது மூன்று மாத வயதில். அதற்குள் பெயரை முடிவு செய்துவிட்டு வந்தால் அட்டையில் அடித்துத் திருத்த வேண்டியதில்லை. கழுத்துப் பட்டையில் பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, போன் நம்பர் இருக்க வேண்டும். அட்டையை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு உயரத்தில் வையுங்கள்; குட்டி கடித்துத் துப்பிய அட்டையோடு வந்து புதிது கேட்கிறவர்கள் எங்கள் கவுன்டரில் அதிகம்.