கண்ணாடிப் பேழையில் உள்ள ஆஸ்ட்ரோலேபை வாசிப்பது எப்படி?

ஆக்ஸ்ஃபோர்டு பிராட் தெருவில் 1683இல் திறக்கப்பட்ட பழைய ஆஷ்மோலியன் கட்டடத்தில், அறிவியல் வரலாற்று அருங்காட்சியகம் உலகின் மிகப் பெரிய ஆஸ்ட்ரோலேப் தொகுப்பை வைத்திருக்கிறது. ஆஸ்ட்ரோலேப் என்பது விண்மீன்களின் இடத்தையும் நேரத்தையும் கணிக்கப் பயன்பட்ட பழங்கால வட்டத் தகட்டுக் கருவி. கைப்பிடி வளையத்தின் கொடி வேலைப்பாட்டை வியந்தபடியே நகர்ந்துவிடாமல், ஒரே ஒரு கருவியின் முன் கால்மணி நேரம் நிற்க முடிந்தால், அது எந்த ஊருக்காகச் செய்யப்பட்டது என்பதை விளக்கப் பலகையின் உதவியின்றியே ஓரளவு கண்டுகொள்ளலாம்.

முதலில், மேலே சுழலும் வலைத்தட்டின் இடைவெளிகள் வழியாக அடியில் உள்ள தட்டைப் பாருங்கள். அதன் நடுத்துளைதான் வானின் வட துருவம். ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருங்கிச் செல்லும் உயரக் கோடுகள் தலைக்கு நேர் மேலே உள்ள உச்சிப்புள்ளியில் முடிகின்றன. உச்சி நடுத்துளையை நெருங்க நெருங்க, தட்டு வடக்கே தள்ளியுள்ள ஊருக்கு உரியது. அட்சரேகையையும் பெரும்பாலும் தட்டிலேயே பொறித்திருப்பார்கள். ஆனால் அரபுத் தட்டுகளில் இலக்கங்களைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள், ஏனெனில் அங்கே எழுத்துகளே எண்கள். லாம் 30, பே 2. இரண்டும் சேர்ந்து நின்றால் 32 பாகை, அதாவது ஈரானின் இஸ்ஃபஹான் நகரை ஒட்டிய அட்சரேகை.

வலைத்தட்டில் கொக்கிபோல் நீளும் ஒவ்வொரு முனையும் ஒரு விண்மீன். அதன் பெயர் அடியிலேயே இருக்கும். மையம் விலகி அமைந்த ராசி வளையத்தில் மிதுனமும் கடகமும் குறுகியும், தனுசும் மகரமும் அகன்றும் தெரிவது கைவினைஞரின் பிழை அன்று; வானக் கோளத்தைத் தென் துருவத்திலிருந்து தட்டையாக வீழ்த்தி வரையும் முறையின் விளைவு.

பின்புறமும் காட்சிக்கு இருந்தால் தவறவிடாதீர்கள். ஐரோப்பியக் கருவிகளில் ராசி வட்டமும் மாத வட்டமும் அருகருகே இருக்கும்; அவற்றில் மேஷத்தின் தொடக்கம் மார்ச் மாதத்தின் எந்த நாளுக்கு எதிரே நிற்கிறது என்று பாருங்கள்: 11, 12 என்றால் ஜூலியன் நாட்காட்டி, 20, 21 என்றால் பெரும்பாலும் 1582இன் கிரிகோரியன் நாட்காட்டித் திருத்தத்துக்குப் பிந்தியது. இதை மட்டும் நம்பிக் காலத்தை முடிவு செய்யக் கூடாது. இங்கிலாந்து 1752 வரை பழைய கணக்கையே பின்பற்றியது.

எனக்குப் பிடித்தது, இஸ்ஃபஹானின் முகம்மது இப்னு அபீ பக்ர் 1221-22இல் செய்தது. அதன் உள்ளே பல்சக்கரங்கள் இருக்கின்றன. பின்புறத்தில் உள்ள வட்டச் சாளரத்தில் நிலவின் வடிவம் தெரியும்.