விடுப்பு முடிந்து கிளம்புமுன் பெற்றோருக்கு வீடியோ அழைப்பைப் பழக்கிவிடுவது எப்படி?

வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகளில் பலர், ஊரிலிருக்கும் பெற்றோருக்கு நல்ல ஸ்மார்ட்போன் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு, அதைச் சொல்லித் தரும் வேலையைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் விட்டுவிடுகிறார்கள். இதனால், வருகிற அழைப்பை எடுக்கத் தெரிந்த பெற்றோருக்குத் தாமாக அழைக்கத் தெரிவதில்லை. பேரப்பிள்ளையைப் பார்க்கத் தோன்றினாலும் பிள்ளை அழைக்கும்வரை காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பை ஒழிப்பதுதான் இந்தச் செய்முறையின் நோக்கம். விடுப்பில் ஊருக்கு வந்திருக்கும் நாட்களிலேயே, போன் பெற்றோரின் கையில் இருக்க, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து இவற்றைச் செய்ய வேண்டும்.

படி 1: செயலியைத் தேர்ந்தெடுத்தல்

காலை வணக்கத்தையும் கோயில் படங்களையும் பெற்றோர் எந்தச் செயலியில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்களோ, அதையே வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வீடுகளில் அது வாட்ஸ்அப்தான். 2016 நவம்பரிலிருந்து அதில் வீடியோ அழைப்பு வசதி இருக்கிறது. ஆனால் நீங்கள் துபாயிலோ அபுதாபியிலோ இருப்பவரானால், வாட்ஸ்அப்பில் செய்தி போகுமே தவிர அழைப்பு போகாது என்பதால், அங்கு அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலியைப் பெற்றோரின் போனிலும் நிறுவ வேண்டும். ஸ்கைப் 2025 மே மாதத்தோடு நிறுத்தப்பட்டுவிட்டதால், பழைய போனில் அது இன்னும் இருந்தால் நீக்கிவிடுங்கள்.

படி 2: இரண்டே தொடுதலில் அழைப்பு

உங்கள் எண்ணை நாட்டின் குறியீட்டோடு சேமியுங்கள்: சிங்கப்பூருக்கு +65, பிரிட்டனுக்கு +44, கனடாவுக்கு +1. பெற்றோர் உங்களை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்களோ அந்தப் பெயரிலேயே சேமிப்பது நல்லது. பிறகு, ஆண்ட்ராய்டு போனாக இருந்தால், வாட்ஸ்அப்பில் உங்கள் உரையாடலைத் திறந்து, மேலே வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, அந்த உரையாடலுக்கான குறுக்குவழியை முகப்புத் திரையில் வைக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் முகம் திரையில் ஒரு பொத்தானாக வந்து உட்கார்ந்துவிடும். அதைத் தொட்டு, அடுத்து மேலே தெரியும் கேமராப் படத்தைத் தொட்டால் அழைப்பு போகும். முகப்புத் திரையில் பயன்படாத செயலிகள் குவிந்து கிடந்தால் இந்த வசதியால் பலனில்லை. அவற்றைத் துடைத்தெடுத்து, எழுத்தின் அளவையும் பெரிதாக்கிவிடுங்கள்.

படி 3: இடமும் வெளிச்சமும்

ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் முகம் கருத்துத் தெரியும். ஜன்னலைப் பார்த்து உட்கார வேண்டும். போனைக் கையில் பிடித்துப் பேசுபவர்களுக்குச் சிறிது நேரத்தில் கை தாழ்ந்து, நெற்றியும் மின்விசிறியும் மட்டுமே எதிர்முனையில் தெரியும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஒரு ஸ்டாண்டில் போனை முக உயரத்திற்கு நிறுத்திவிட்டால், கை ஓய்வதற்காகப் பேச்சை முடிக்க வேண்டியதில்லை.

படி 4: அடுத்த அறையிலிருந்து ஒத்திகை

நீங்கள் அடுத்த அறைக்குச் சென்று கதவைச் சாத்திக்கொண்டு அழையுங்கள்; இரண்டு போன்களும் ஒரே அறையில் இருந்தால் ஒலி மோதி இரைச்சல் கிளம்பும். பெரியவர்கள் முதலில் செய்வது, பல ஆண்டுப் பழக்கத்தில் போனைக் காதில் வைப்பதுதான். ஒலிபெருக்கியில் பேச்சு கேட்கும் என்பதைக் காட்டிவிட்டால் அந்தப் பழக்கம் போய்விடும். அழைப்பை எடுப்பது, வைப்பது, விரல் தவறுதலாகப் பட்டு மைக் அணைந்துவிட்டால் மீண்டும் போடுவது, முன் கேமராவிலிருந்து பின் கேமராவுக்கு மாற்றுவது ஆகிய நான்கும் போதும். அதன்பின் அவர்களே உங்களை அழைக்கட்டும். பொத்தானைத் தேடித் தடுமாறும்போது நீங்கள் கை நீட்டிச் செய்து கொடுத்தால், நீங்கள் விமானம் ஏறிய பிறகும் அந்தத் தடுமாற்றம் தொடரும்.

படி 5: நேரத்தை வகுத்தல்

இதில்தான் பல குடும்பங்கள் கோட்டை விடுகின்றன. சிங்கப்பூர் இந்தியாவை விட இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால், அங்கே இரவு 8 மணிக்கு இங்கே மாலை 5.30 தான். டொராண்டோ கோடையில் ஒன்பதரை மணி நேரமும், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது. அங்கே மார்ச் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை முன்னே நகர்த்தி, நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை பின்னே வைத்துவிடுகிறார்கள். ஆகவே கோடையில் சனிக்கிழமை காலை 9 மணிக்கு அங்கிருந்து வரும் அழைப்பு இங்கே மாலை 6.30க்கு வரும், குளிர்காலத்தில் அதுவே 7.30 ஆகும். இந்த மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால், அம்மா ஒரு மணி நேரம் முன்பே போன் முன்னால் உட்கார்ந்து, பிள்ளைக்கு என்ன ஆயிற்றோ என்று கலங்கிக்கொண்டிருப்பார். நீங்கள் தூங்கும் நேரம், அலுவலக நேரம், பேசக்கூடிய நேரம் ஆகியவற்றை இந்திய நேரத்தில் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, தினசரி நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

படி 6: பேச எதுவும் இல்லாத அழைப்பு

"சாப்பிட்டாயா, வேலை எப்படிப் போகிறது, உடம்பைப் பார்த்துக்கொள்" என்ற மூன்றோடு முடிந்துவிடும் அழைப்புக்கு வீடியோ தேவையில்லை. சாதாரண போனே போதும். படம் இருப்பதன் உண்மையான பயன், பேசாமல் கூடவே இருக்க முடிவதுதான். அம்மா கீரை ஆயும்போது அழைப்பைப் போட்டு வைத்துவிட்டு, நீங்கள் அங்கே துணி மடித்துக்கொண்டிருக்கலாம். பின் கேமராவுக்கு மாற்றச் சொன்னால், புதிதாகக் காய்த்த முருங்கையை அப்பா நடந்துகொண்டே காட்டுவார். தமிழ் எழுத்துப் பழகும் பேரனின் நோட்டைத் தாத்தா பார்த்துத் திருத்தலாம். சிறு குழந்தைகளைக் கேமராவுக்கு முன் நிறுத்தி, "பாட்டிக்கு வணக்கம் சொல்லு" என்று வற்புறுத்த வேண்டாம். விளையாடும் இடத்தில் போனை வைத்துவிட்டால் குழந்தை தானாகவே வந்து பேசும்.

பொங்கல், வளைகாப்பு, பெயர் சூட்டுதல் போன்ற நாட்களுக்கு வாட்ஸ்அப் குழு அழைப்பில் 32 பேர் வரை சேரலாம் என்றாலும், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசினால் யாருக்கும் எதுவும் கேட்காது. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் மைக்கை அணைத்து வைக்க வேண்டும்.

படி 7: பாதுகாப்பு

போலீஸ் சீருடையில் வீடியோ அழைப்பில் தோன்றி, "டிஜிட்டல் கைது" என்று மிரட்டிப் பணம் பறிக்கும் மோசடியைப் பற்றிப் பெற்றோரிடம் விளக்கமாகச் சொல்லுங்கள். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. வாட்ஸ்அப் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குச் சென்று, அறியாத எண்களிலிருந்து வரும் அழைப்புகளை ஒலிக்காமல் செய்துவிடுங்கள். அழைப்பின்போது பெற்றோரின் போன் திரையைப் பகிரும்படி யார் கேட்டாலும் அவர்கள் மறுக்க வேண்டும். பணம் பறிபோய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

படம் உறைந்து நின்றால்

முதலில் வைஃபை ரௌட்டருக்கு அருகில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். பெற்றோருக்கு உங்கள் படம் தெளிவாகவும், உங்களுக்கு அவர்கள் படம் மங்கலாகவும் தெரிந்தால், பெரும்பாலும் ஊரிலிருந்து தரவு வெளியே செல்லும் வேகம்தான் குறைவாக இருக்கும்; உங்கள் பக்கம் எதை மாற்றினாலும் பயனில்லை. மொபைல் டேட்டாவில் பேசுபவர்கள், அழைப்புகளுக்குக் குறைவான டேட்டாவைப் பயன்படுத்தும் வசதியை அமைப்புகளில் இயக்கி வைக்கலாம். அதற்கும் சரிவராவிட்டால், இருபுறமும் கேமராவை மட்டும் அணைத்துவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். குரலுக்குப் படத்தை விட மிகக் குறைந்த டேட்டாவே தேவைப்படும். இணைப்பு சீரானதும் கேமராவை மீண்டும் போட்டுக்கொள்ளலாம்.